வயலில் நடும் கம்பத்துக்கு வண்ணம் அடியுங்கள்

விமானப் போக்குவரத்து விதிகளை வகுக்கும் அதிகாரிகளுக்கும், வயல்வெளிகளில் கம்பமும் கோபுரமும் நடும் நிறுவனத்தாருக்கும்,

வணக்கம்.

மருந்து தெளிக்கும் விமானம் பயிருக்கு மேலே பத்துப் பன்னிரண்டு அடி உயரத்தில் பறக்கிறது. வேகம் பெரும்பாலும் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டும். வயலின் கோடிக்கு வந்ததும் சட்டென மேலெழும்பி, வளைந்து திரும்பி, மறுபடி இறங்க வேண்டும். பருவம் வந்துவிட்டால் விடிந்ததிலிருந்து இதே வேலைதான். உங்கள் விதிகளோ உயரத்தில் பறக்கும் விமானங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை.

அமெரிக்காவில் 200 அடிக்குக் குறைவான கோபுரங்களுக்கு விளக்கோ வண்ணமோ பொதுவாகக் கட்டாயம் இல்லாமல் இருந்தது. காற்றாலைக்கு இடம் பார்ப்பவர்கள் நடும் காற்று அளக்கும் கம்பங்கள் பலவும் அந்த வரம்புக்குச் சற்றுக் கீழேயே நின்றன. ஒல்லியான சாம்பல் நிறக் குழாய், நாலா பக்கமும் இழுத்துக் கட்டிய மெல்லிய கம்பிகள். சில மணி நேரத்தில் நட்டுவிடலாம். நேற்று வெறும் வயலாக இருந்த இடத்தில் இன்று கம்பம் நிற்கும். மங்கலான வானத்தில் அதைக் கண்டுபிடிப்பதற்குள் விமானம் அதன்மேல் மோதியிருக்கும். விமானிகள் சிலர் மாண்ட பிறகுதான், 2013-ல் அந்நாட்டின் விபத்து விசாரணை வாரியம் இவற்றுக்கு அடையாளம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. 50 அடி முதல் 200 அடி வரையுள்ள கோபுரங்களுக்கான சட்டம் 2016-ல் வந்தது. இவ்வளவு தாமதம் எந்த நாட்டிலும் வேண்டாம்.

‘விமானி முன்கூட்டியே சுற்றிப் பார்க்கக் கூடாதா?’ என்று கேட்பீர்கள். பார்க்கிறார்கள். அங்கே மின்கம்பி ஓடுகிறது என்று நன்றாகத் தெரிந்தவர்களே அதில் மோதியிருக்கிறார்கள். தெளிப்பின் அகலம், காற்றின் திசை, தொட்டியில் மிச்சம் உள்ள மருந்து என்று பத்து விஷயங்களைக் கவனிக்கும் மனத்துக்கு அந்தக் கம்பி ஒரு கணம் மறந்துபோனாலும் போதும். ஆகவே பழியை விமானியின் தலையில் கட்டிவிட்டு ஒதுங்காதீர்கள்.

அப்புறம், மருந்து. ஆர்கனோபாஸ்பேட் வகை பூச்சிக்கொல்லி உடம்பில் ஏறினால் பார்வை மங்கும், கை தளரும். விமானியே மருந்து கலக்கி ஏற்றுவதைத் தடை செய்யுங்கள். பருவத்துக்கு முன்னும் நடுவிலும் ரத்தப் பரிசோதனை நடக்கட்டும். ஓய்வு நேரத்துக்கும் விதி வேண்டும்.

கம்பத்துக்கு ஆரஞ்சும் வெள்ளையுமாகப் பட்டைகள், இழுவைக் கம்பிகளில் வண்ணப் பந்துகள். கோபுரத்தின் விலையோடு பார்த்தால் இது பெரிய செலவே அல்ல. நடுவதற்கு முன்பே இடத்தையும் உயரத்தையும் விமானிகள் பார்க்கும் பொதுப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். இந்த இரண்டையும் அனுமதிக்கான நிபந்தனையாகவே எழுதுங்கள். ஏற்கெனவே நிற்கும் கம்பங்களுக்கு அடுத்த தெளிப்புப் பருவம் தொடங்கும் நாளைக் கெடுவாக வையுங்கள்.