மார்பக ஆபரேஷன் முடித்த மதுரைப் பெண்கள் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், சிவகங்கைப் பக்கங்களிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கும் அக்கா தங்கைகளுக்கும், துணைக்கு வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் வீட்டுக்காரர்களுக்கும் பிள்ளைகளுக்கும் என் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் எனக்குப் பிறகு படிப்பார். தணிக்கையாளர் கையெழுத்திட்ட நகல் வாசலில் மேசை மேல் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம்.

இந்த ஆண்டு புற்றுநோய் திரும்பி வந்து நம்மை விட்டுப் போன உறுப்பினர்களின் பெயர்களைக் கூட்டத் தொடக்கத்தில் வாசித்து எழுந்து நின்றோம். குடும்பத்தார் கேட்டுக்கொண்டபடி அந்தப் பெயர்கள் அச்சு அறிக்கையில் இல்லை. அவர்களில் ஒருவர், கடைசி மாதம் வரை புதிதாக வருகிறவர்களுக்கு ஃபோன் செய்து, "கீமோ அன்னைக்குக் காலையில வயித்தைக் காயப் போடாதம்மா, இட்லி சாப்பிட்டுப் போ" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வேலையை இப்போது இரண்டு பேர் பகிர்ந்து செய்கிறோம்.

சரி, ஆண்டின் வேலைக்கு வருகிறேன்.

இந்திய பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் மார்பகப் புற்றுநோய்தான் முதலிடத்தில் இருக்கிறது. 2022இல் மட்டும் நாட்டில் சுமார் 1.9 லட்சம் பேருக்குப் புதிதாக வந்ததாக உலகளாவிய கணக்கு சொல்கிறது. சிகிச்சை முன்னேறியிருப்பதால் பிழைத்து வாழ்கிறவர்களும் கூடி வருகிறார்கள். நம் சங்கமே அதற்குச் சாட்சி. ஆனால் ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பிய பெண் எதைச் சொன்னாலும், "அதான் உயிர் பொழைச்சாச்சே, அப்புறம் என்ன?" என்று வாயை அடைத்துவிடுகிறார்கள். கை வலிக்கிறது, ராத்திரி தூக்கமில்லை, ரவிக்கை பொருந்தவில்லை, கண்ணாடி பார்க்க மனம் வரவில்லை. இவையெல்லாம் சில்லறை விஷயங்களாம். செயற்குழு அப்படி நினைக்கவில்லை. இவை சிகிச்சையின் மிச்சம். இவற்றுக்கும் சிகிச்சை உண்டு. இந்த ஆண்டு நாம் செய்த எல்லாமே இந்த ஒரு எண்ணத்தில் செய்ததுதான்.

உலகெங்கும் ஆய்வுகளில் பயன்படும் ஒரு கேள்வித்தாள் உண்டு. கியூஎல்க்யூ-பிஆர்23 என்று பெயர். மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கென்றே அமைந்த 23 கேள்விகள். கையோ தோளோ வலித்ததா, கை வீங்கியதா, கையைத் தூக்கவோ பக்கவாட்டில் நகர்த்தவோ சிரமமாக இருந்ததா, முடி கொட்டியது வருத்தமாக இருந்ததா, உங்கள் உடம்பை நீங்களே பார்க்கக் கஷ்டமாக இருந்ததா, தாம்பத்தியத்தில் நாட்டம் இருந்ததா என்றெல்லாம் கேட்கிறது. ஜூன் மாதக் கூட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் அம்மா இப்படிப்பட்ட கேள்விகளை ஒவ்வொன்றாகச் சொன்னபோது அறை அமைதியானது. ஒருவர் சொன்னார்: "இத்தனை வருஷத்துல என்கிட்ட யாருமே இதைக் கேட்டதில்லைங்க." அன்றைக்கே கையிலிருந்து தொடங்குவது என்று முடிவெடுத்தோம்.

கை ஏன் முதலில்? காரணம் இருக்கிறது. நம் உறுப்பினர் ஒருவருக்கு ஒரு மருத்துவமனையில் ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. காயத்து நீர் வடிய வைத்த டியூபையும் டப்பாவையும் மஞ்சள் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். "கையை அசைக்காம வச்சுக்க" என்று உறவினர்கள் சொன்னார்கள்; பயிற்சி செய்யவேண்டும் என்று மருத்துவமனையில் ஒருவரும் சொல்லி அனுப்பவில்லை. கையை மார்போடு ஒட்டியே வைத்திருந்தார். கரண்ட் வைக்க, அதாவது கதிர்வீச்சு சிகிச்சைக்கு, போன இடத்தில் கையைத் தலைக்கு மேல் தூக்கிப் படுக்கச் சொன்னார்கள். தோள் இறுகிப்போய் அவரால் முடியவில்லை. கையை எடுக்காமல் அந்த இடத்தில் கதிரைச் சரியாகச் செலுத்த முடியாது. கை பழகும் வரை கரண்ட் வைக்கும் தேதி தள்ளிப்போனது. தினம் சில நிமிடப் பயிற்சியை யாரோ சொல்லித்தராமல் விட்டதற்கு அந்தப் பெண் கொடுத்த விலை அது. இதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

அதனால் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமைகளில் கைப்பயிற்சி வகுப்பு தொடங்கினோம். ஆபரேஷன் முடிந்த முதல் நாட்களில் விரல்களை மூடித் திறப்பது, முழங்கையை மடக்குவது, தோளை மெல்லச் சுழற்றுவது மட்டும். டியூப் எடுத்த பிறகு, மருத்துவர் சரி என்றதும், சுவரைப் பார்த்து நின்று விரல்களால் சுவரில் ஏறுவது. எங்கே நின்றதோ அங்கே பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதிவைக்கச் சொல்கிறோம். திருமங்கலத்துத் தங்கை ஒருவர் வீட்டுச் சமையலறைச் சுவரில் அந்தக் கோடுகள் கடுகு டப்பா வைக்கும் தட்டு வரைக்கும் ஏறியிருந்தன. மகன் அளந்து அளந்து போட்டதாம். சிலருக்கு அக்குளிலிருந்து முழங்கை வரை தோலுக்கடியில் கயிறு கட்டினாற்போல் இழுக்கும். பயந்துபோய்ப் பயிற்சியை நிறுத்திவிடாதீர்கள். பிசியோதெரபிஸ்டிடம் காட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். மேற்கையின் உட்புறம் மரத்துப்போவது அங்கே ஓடும் நரம்பு ஆபரேஷனில் பாதிக்கப்படுவதால் வருவது. அது நோய் திரும்பியதன் அடையாளம் இல்லை.

அடுத்து வீக்கம். அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகளை முழுதாக எடுத்தவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்குக் கை வீங்குகிறது. நிணநீர் முதலில் வந்து சேரும் ஒன்றிரண்டு முடிச்சுகளை மட்டும் எடுத்துச் சோதிக்கும் முறையில் அது இருபதில் ஒருவர் என்ற அளவுக்குக் குறைகிறது. ஆகவே ஆபரேஷனுக்கு முன்பே, எனக்கு எந்த முறை பொருந்தும் என்று மருத்துவரிடம் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். நம் பக்கத்தில் கை வீங்கினால் "யானைக்கால் மாதிரி ஆயிடுச்சு" என்று அக்கம்பக்கத்தில் பேசுகிறார்கள். இது கொசுவால் வருவதில்லை, ஒட்டுவதும் இல்லை. நிணநீர் வடியும் வழி அடைபட்டதால் வருவது.

இஞ்ச் டேப் வாங்கி உறுப்பினர்கள் எல்லோருக்கும் கொடுத்திருக்கிறோம். மாதம் ஒருமுறை இரண்டு கைகளையும் ஒரே இடங்களில் அளந்து நோட்டில் எழுதுங்கள். 2 செ.மீ. வித்தியாசம் வந்தால் காத்திருக்காமல் காட்டுங்கள். தொடக்கத்தில் பிடித்தால் கட்டுப் போட்டும், கையை இறுக்கிப் பிடிக்கும் அழுத்த உறை அணிந்தும் கட்டுக்குள் வைக்கலாம். வருடக்கணக்கில் விட்டால் தோல் தடித்துவிடும். அரிவாள்மனையில் விரல் பட்டாலும், தோசைக்கல் சுட்டாலும் உடனே கழுவி மருந்து போடுங்கள். கை சிவந்து சூடாகிக் காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவரிடம் போகவேண்டும். மஞ்சள் பற்றுப் போட்டுப் பார்ப்போம் என்று ஒரு நாளைக்கூட வீணாக்க வேண்டாம்.

எடை தூக்குவது பற்றி நம் உறுப்பினர்களுக்குள் பெரிய வாக்குவாதமே நடந்தது. "ஆயுசுக்கும் ஒரு குடம் தண்ணி தூக்கக் கூடாது" என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள் பலர். அமெரிக்காவில் கேத்ரின் ஷ்மிட்ஸ் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஏற்கெனவே கை வீங்கியிருந்த பெண்களே மேற்பார்வையில் சிறிது சிறிதாக எடையைக் கூட்டிப் பயிற்சி செய்தார்கள். வீக்கம் கூடவில்லை, திடீரென வீங்கி அவதிப்படுவது குறைந்தது. அதற்காக நாளைக்கே அரிசி மூட்டையைத் தூக்கச் சொல்லவில்லை. அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் தொடங்கி, கற்றுக்கொடுப்பவர் பார்வையில், மெல்ல ஏற்றவேண்டும். பேரப்பிள்ளையைத் தூக்கவே கூடாது என்று ஒரு பெண்ணை வாழ்நாள் முழுக்கப் பயமுறுத்தி வைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

மாட்டுத்தாவணியில் மொத்தமாகப் பூ வாங்கிக் கட்டி விற்கும் அக்கா ஒருவர் நம்மிடம் இருக்கிறார். அவருடைய பிரச்சினை கை வீக்கமே இல்லை. கீமோவுக்குப் பிறகு விரல் நுனிகள் மரத்துவிட்டன. பக்லிடாக்சல் போன்ற மருந்துகளால் இப்படி வரும். பலருக்கு மாதக்கணக்கில் மெல்லக் குறையும், சிலருக்குக் கொஞ்சம் தங்கிவிடும். மல்லிகை கட்டுகிறவருக்குக் கண்ணைவிட விரல்தான் முக்கியம். இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம் வைத்து நூலைச் சுண்டி இறுக்கும்போது எவ்வளவு இறுக்கினோம் என்று விரல்தான் சொல்லும். அவருக்குக் காம்பு நசுங்கியது, இல்லாவிட்டால் பூ உதிர்ந்தது. ஒரு நாள் முழுக்கக் கட்டியும் முன்பு ஒரு மணி நேரத்தில் கட்டியது வரவில்லை. "உயிர் பொழைச்சாச்சே" என்று அவரிடம் சொல்லி என்ன பயன்? சங்கத்திலிருந்து சிறு கடன் கொடுத்தோம். நூல் கட்டுவதைத் தங்கை மகளிடம் விட்டுவிட்டு, பெரிய பூக்களைக் கோக்கும் மாலை வேலைக்கு அவர் மாறினார். இப்போது சம்பங்கி மாலைக்கு ஆர்டர் வருகிறது. கடனில் பாதிக்கு மேல் திருப்பிவிட்டார்.

உடை விஷயம். ரவிக்கைக்குள் வைத்துக்கொள்ளும் சிலிக்கோன் செயற்கை மார்பகம் ஆயிரக்கணக்கில் விலை. நம் மதுரை வெயிலில் வேர்த்து வழுக்கும் என்கிறார்கள். நைட்டியோடு இருக்கும்போது காலிங் பெல் அடித்தால் துண்டைத் தேடி ஓடுகிறவர்கள் நம்மில் எத்தனையோ பேர். பருத்தி நூலில் குரோஷே ஊசியால் பின்னி உள்ளே பஞ்சு அடைத்த மார்பகங்களை இந்த ஆண்டு நம் உறுப்பினர்களே பின்னக் கற்றுக்கொண்டார்கள். துவைக்கலாம், லேசாக இருக்கும், கேட்பவர்களுக்கு இலவசம். தையல் தெரிந்த உறுப்பினர் ரவிக்கையின் உள்ளே பை வைத்துத் தைத்துத் தருகிறார். லேசாக இருப்பதால் மேலேறி வருகிறது என்று சிலர் குறை சொன்னார்கள். அவர்களுக்கு அடிப்பக்கம் சிறு கனம் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். கட்டி சிறியதாக இருந்தால் மார்பை முழுதாக எடுக்காமல் கட்டியை மட்டும் எடுத்துக் கரண்ட் வைக்கும் முறையில் உயிர் வாழும் வாய்ப்பு குறைவதில்லை என்பதை இத்தாலியிலும் அமெரிக்காவிலும் 20 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2002இல் உறுதி செய்துவிட்டார்கள். புதிதாக நோய் கண்டு நம்மைத் தேடி வருகிறவர்களுக்கு இதைச் சொல்லி, மருத்துவரிடம் கேட்கச் சொல்கிறோம்.

கதவைச் சாத்திக்கொண்டு பெண்கள் மட்டும் பேசிய கூட்டத்தைப் பற்றி இங்கே விவரமாகச் சொல்லமாட்டேன். பேசியது வெளியே போகாது என்று வாக்குக் கொடுத்திருக்கிறோம். மகப்பேறு மருத்துவர் சொன்ன பொதுவான செய்திகளை மட்டும் தருகிறேன். நோய் திரும்பாமல் இருக்கச் சாப்பிடும் தமாக்சிஃபென் மாத்திரையால் உடம்பு திடீரென்று கொதிப்பது, வேர்ப்பது, பிறப்புறுப்பு வறண்டுபோவது எல்லாம் வரலாம். வாய்விட்டுச் சொன்னால் வழி இருக்கிறது. சொல்லாமல் மாத்திரையை நிறுத்துவதுதான் ஆபத்து. ஐந்து ஆண்டு, சிலருக்குப் பத்து ஆண்டு சாப்பிட வேண்டிய மாத்திரை அது. மாதவிலக்கு நின்றவர்களுக்கு மறுபடி இரத்தம் பட்டால் உடனே காட்ட வேண்டும். அதே வேலைக்கான லெட்ரோசோல் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எலும்பு அடர்த்தி பார்த்துக்கொள்ள வேண்டும். கணவன்மார்களுக்கு என்று தனியாகவும் ஒரு கூட்டம் நடத்தினோம். வந்தவர்கள் குறைவு. வந்தவர்களில் ஒருவர், "தொட்டா வலிக்குமோன்னு பயந்து நான் ஒதுங்கி இருந்தேன், அவ அதை வேற மாதிரி நினைச்சுட்டா" என்றார். இந்த ஒரு பேச்சுக்காகவே அந்தக் கூட்டத்தை அடுத்த ஆண்டும் நடத்தவேண்டும்.

முடி கொட்டியதைப் பழனி, திருப்பதி மொட்டை என்று சொல்லிச் சமாளிக்கிறவர்கள் அப்படியே சொல்லிக்கொள்ளட்டும். யாரிடம் எதைச் சொல்வது என்பது அவரவர் விருப்பம். ஆனால் டம்ளரைத் தனியாக வைப்பது, நலங்குக்குக் கூப்பிடாமல் விடுவது, மகளுக்கு வரன் பார்க்கும்போது அம்மாவின் நோயை மறைக்கச் சொல்லி மிரட்டுவது, இவற்றைச் சங்கம் ஏற்காது. புற்றுநோய் ஒட்டுவதில்லை. மார்பகப் புற்றுநோயில் நூற்றுக்குச் சுமார் ஐந்து முதல் பத்துதான் பரம்பரையாக வருவது. கேட்டுக்கொண்ட வீடுகளுக்குச் செயற்குழுவிலிருந்து இரண்டு பேராகப் போய்ப் பேசினோம். சில வீடுகளில் பலன் இருந்தது.

ரயில் சலுகை பலருக்குத் தெரியவில்லை. சிகிச்சைக்கோ செக்கப்புக்கோ போகும் புற்றுநோயாளிக்கு, மருத்துவமனைச் சான்றிதழ் இருந்தால், ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணம் முழுதும் தள்ளுபடி. கூட வரும் ஒருவருக்கு முக்கால் பங்கு தள்ளுபடி. சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குப் போகிறவர்கள் விண்ணப்பத்தைச் சங்கத்தில் வாங்கிக்கொள்ளலாம். டவுன் பஸ்ஸில் நமக்கு டிக்கெட் இல்லை, ஆனால் உட்கார இடமும் இல்லை. நின்று வரும்போது மேல் கம்பியை ஆபரேஷன் ஆன கையால் பிடித்துத் தொங்காதீர்கள். கண்டக்டரிடம் சொல்லி உட்காருங்கள்.

வரும் ஆண்டுக்குப் பொதுக்குழுவின் முன் மூன்று கோரிக்கைகள் வைக்கிறோம். அழுத்த உறை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டியது. அதையும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தரவேண்டும் என்று அரசுக்கு மனு. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போதே கைப்பயிற்சிப் படத்தாளைத் தமிழில் கொடுக்கச் சொல்லி மாவட்டத்தின் எல்லா மருத்துவமனைகளுக்கும் கடிதம். தாளை அச்சடித்துத் தரும் செலவு நம்முடையது. மேலூரில் ஒரு கிளை வகுப்பு, ஏனென்றால் அங்கிருந்து வருகிறவர்களுக்கு வகுப்பைவிடப் பயணமே களைப்பாக இருக்கிறது.

வகுப்புக்கு இடம் கொடுத்த பள்ளி நிர்வாகத்துக்கும், பீஸ் வாங்காமல் வந்த பிசியோதெரபிஸ்டுக்கும், மருத்துவர்களுக்கும் நன்றி. குரோஷே நூல் தீர்ந்துவிட்டது. வெள்ளை அல்லது சந்தன நிறப் பருத்தி நூலாகப் பார்த்து வாங்கித் தாருங்கள்.

இந்த அறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்