வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்: ‘வெறும் கல்’ என்று சொன்னவர்களுக்கும் சேர்த்து

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். எங்களிடம் கல் வாங்கிப் போனவர்கள் பெரும்பாலும் எங்களை மறந்துவிடுவார்கள். அதில் எங்களுக்கு வருத்தமில்லை. வாங்கிய கல் ஒழுங்காக இருக்கிறது என்பதற்கு அதுவே சான்று. ஆகவே மடல் எழுதும் பழக்கம் பட்டறைக்கு இல்லை. இப்போது எழுத நேர்ந்திருக்கிறது. விலை கூடியிருப்பதும், எழுத்து வெட்டும் பெரியவர் வேலையிலிருந்து விடைபெற்றதும் உங்களில் பலருக்கு ஏற்கெனவே தெரியும். அவற்றை மட்டும் சொல்வதென்றால் கடை வாசலில் ஒரு தாள் ஒட்டினாலே போதும்.

எழுத வைத்தது, கைப்பேசிகளில் சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு செய்தி. ‘மலையில் சும்மா கிடக்கிற வெறும் கல்லை அறுத்துக் கொடுக்க இவ்வளவு விலையா? அதிலும் கோடு விழுந்த கல். கறுப்பு கிரானைட் என்று சொல்லி விற்பது கிரானைட்டே இல்லை’ என்கிறது அது. எழுதியவர் யாரென்று எங்களுக்குத் தெரியும். அவர் பெயரை இங்கே இழுக்கப்போவதில்லை. விலையைப் பற்றிக் கேட்கட்டும், அது வாங்குபவரின் உரிமை. ‘வெறும்’ என்ற சொல்லைத்தான் விழுங்க முடியவில்லை.

1799இல் எகிப்தில் ரஷீத் என்ற ஊரருகே ஒரு பழைய கோட்டையைப் பிரெஞ்சுப் படையினர் செப்பனிட்டார்கள். அங்கே ஓர் உடைந்த கறுத்த பலகை கிடைத்தது. இன்று ரொசெட்டா கல் என்று சொல்கிறார்களே, அதுதான். பழைய கோவில் ஒன்றிலிருந்து வந்த கல்லை எந்தக் காலத்திலோ ஒரு கொத்தனார் கட்டுமானக் கல்லாகப் பயன்படுத்தியிருக்கிறார். அவருக்கு அது வெறும் கல். அதில் கி.மு. 196ஆம் ஆண்டின் அரச ஆணை ஒன்று மூன்று எழுத்து வடிவங்களில் வெட்டப்பட்டிருந்தது. கீழே இருந்த கிரேக்கத்தை அறிஞர்கள் படித்தார்கள். அதை வைத்து 1822இல் பிரெஞ்சு அறிஞர் சாம்போலியன் எகிப்தின் பட எழுத்தைப் படிக்கும் வழியைக் கண்டார். ஒரு நாகரிகம் தன் வாயால் பேசத் தொடங்கியது அந்தப் பலகையால்தான். காகிதத்தில் இருந்திருந்தால் அந்தக் கொத்தனாரின் காலம் வரைக்குமாவது வந்திருக்குமா என்று யோசித்துப் பாருங்கள்.

இதே பலகையில், செய்தியின் இன்னொரு குற்றச்சாட்டுக்கும் பதில் இருக்கிறது. பிரிட்டிஷ் அருங்காட்சியகம் நெடுங்காலம் அதை ‘பசால்ட்’ என்ற எரிமலைக் கல்லென்றே பதிந்து வைத்திருந்தது. மேலே பூசியிருந்த மெழுகையும் அழுக்கையும் 1999 வாக்கில் துடைத்து எடுத்த பிறகுதான், கிரானைட்டுக்கு நெருங்கிய உறவான, மினுங்கும் சாம்பல் நிறக் கிரானோடயோரைட் என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. உலகப் புகழ்பெற்ற கல்லுக்கே இந்தக் கதி. கட்டடத் தொழிலில் ‘கறுப்பு கிரானைட்’ என்று விற்கப்படுவது நிலவியல் கணக்கில் பெரும்பாலும் டோலரைட்டோ காப்ரோவோதான். கிரானைட்டைப் போலவே பூமிக்கடியில் பாறைக் குழம்பு உறைந்து உண்டான கல். குவார்ட்ஸ் என்ற வெளிறிய கனிமம் குறைவு, கருங்கனிமங்கள் கூடுதல். அதனால்தான் அந்தக் கறுப்பு. இந்த வணிகப் பெயரை நாங்கள் சூட்டவில்லை. உலகெங்கும் கல் விற்பவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். உழைப்பில் அது கிரானைட்டுக்குச் சற்றும் குறைந்தது இல்லை. ஆனாலும் கேள்வி எழுந்துவிட்டதால், இனி ரசீதில் நிலவியல் பெயரையும் சேர்த்து எழுதிக் கொடுக்கிறோம். படித்துப் புரிந்துகொள்வது உங்கள் பொறுப்பு.

கோடு விழுந்த கல் என்ற புகாருக்கு வருகிறேன். பூமிக்குள் இருக்கும்போதே பாறையில் வெடிப்பு ஏற்பட்டு, அதனுள் வெந்நீரும் கனிமமும் புகுந்து உறைந்தால் அது ரேகை. சில சமயம் அந்த இடம் சுற்றியுள்ள கல்லைவிட உறுதியாகவே இருக்கும். விரிசல் வேறு. இரண்டையும் பிரித்தறிய நிபுணர் தேவையில்லை. பலகையை நனைத்துவிட்டு உலர விடுங்கள். ரேகை மற்ற இடங்களோடு சேர்ந்து உலர்ந்துவிடும்; விரிசல் நீரைக் குடித்துவிட்டு, மற்றதெல்லாம் காய்ந்த பிறகும் கறுப்பாக ஒரு கோடு காட்டும். பெரிய பாளமாக இருந்தால் தட்டிப் பாருங்கள். மணி போல ஒலித்தால் உள்ளே குறையில்லை. மொத்தென்று ஒலித்தால் எங்களைக் கூப்பிடுங்கள். விரிசல் கண்ட பலகையை மறுபேச்சின்றி மாற்றிக் கொடுத்துத்தான் வந்திருக்கிறோம், இனியும் மாற்றுவோம். ரேகைக்காக மாற்றுவதில்லை. சலவைக்கல்லில் அதே ரேகைக்காகத்தான் கூடுதல் விலை கொடுக்கிறார்கள். கருங்கல்லில் வந்தால் மட்டும் குற்றமாகிவிடுகிறது.

விரிசலை முன்கூட்டியே அறிய எல்லா நேரமும் முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். எகிப்தின் அஸ்வானில் ஒரே கல்லாலான ஓர் உயரமான தூணைப் பாறையிலிருந்து பிரிக்கும் வேலையை யாரோ ஓர் அரச ஆணையின் பேரில் தொடங்கினார்கள். ஏறக்குறைய 42 மீட்டர் நீளம். எழுப்பியிருந்தால் ஆயிரம் டன்னுக்கு மேல் எடை. டோலரைட் உருண்டைகளால் இடித்து இடித்தே கிரானைட்டைச் சுற்றிலும் பள்ளம் தோண்டினார்கள். பாதிக்கு மேல் முடிந்த நிலையில் விரிசல் தெரிந்தது. அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். இன்றும் அங்கேயே படுத்துக் கிடக்கிறது. அவர்களுக்காவது கேட்பாரின்றி விட்டுவிட்டுப் போக முடிந்தது. எங்களிடம் மூன்றடிப் பலகை மெருகு போடும்போது பிளந்தால் அன்றைய கூலி போயிற்று.

பழுதென்று ஒதுக்கப்பட்ட கல்லின் கதை ஒன்றும் உண்டு. இத்தாலியின் கர்ராராவிலிருந்து வந்த பெரிய சலவைக்கல் ஒன்றில் 1464இல் ஒரு சிற்பி கை வைத்தார், பாதியில் விட்டார். பிறகு இன்னொருவரும் விட்டார். பல பத்தாண்டுகள் அது ஃபுளோரன்ஸ் தேவாலயப் பட்டறை முற்றத்தில் மழையிலும் வெயிலிலும் கிடந்தது. 1501இல் மைக்கலாஞ்சலோ அதை எடுத்தார். 1504இல் அது புகழ்பெற்ற தாவீது சிலையாக நின்றது. எங்கள் பட்டறையில் மைக்கலாஞ்சலோ யாரும் இல்லை என்பதை நானே சொல்லிவிடுகிறேன், நீங்கள் சொல்வதற்குள்.

சரி, ‘சும்மா கிடக்கிற கல்லுக்கு விலை ஏது?’ என்ற கேள்வி. பசிபிக் கடலின் யாப் தீவு மக்கள் இதற்குத் தெளிவான விடை வைத்திருந்தார்கள். அவர்கள் சுண்ணாம்புக் கல்லை நடுவில் துளையிட்ட வட்டுகளாக வெட்டிப் பணமாகப் பயன்படுத்தினார்கள். சில வட்டுகள் ஆளைவிட உயரம். ஆனால் அந்தக் கல் யாப்பில் கிடைப்பதில்லை. 400 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள பலாவ் தீவுகளுக்குப் போய், அங்கேயே வெட்டி, படகில் ஏற்றிக் கடல் கடந்து கொண்டுவர வேண்டும். வட்டின் மதிப்பு அதன் அளவை மட்டும் பொறுத்ததில்லை. அதைக் கொண்டுவர எத்தனை பாடுபட்டார்கள் என்பதையும் பொறுத்தது. கைமாறும்போது கல் நகர்வதுகூட இல்லை, உரிமை மட்டும் மாறும். ஒரு வட்டு வழியில் கடலில் மூழ்கிவிட்டது. கொண்டுவந்தவர்கள் சாட்சி சொன்னார்கள். அந்தக் குடும்பம் தலைமுறைகளாகப் பணக்காரக் குடும்பமாகவே மதிக்கப்பட்டது. உழைப்பைப் பார்த்து விலை போடும் இப்படிப்பட்டவர்கள் எங்கள் வாடிக்கையாளர்களாக வாய்த்திருக்கலாம் என்று சில மாதக் கடைசிகளில் நினைத்துக்கொள்வேன்.

கென்யாவின் துர்க்கானா ஏரிக்கரையில் 33 லட்சம் ஆண்டுகளுக்கு முன் யாரோ கல்லைக் கல்லால் தட்டிச் செதில் எடுத்திருக்கிறார்கள். அவர்கள் இன்றைய மனிதர்கள்கூட இல்லை. நம் சென்னைக்கருகே பல்லாவரத்தில் 1863இல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் கையில் எடுத்த கற்கோடரியும் அதே தொழிலின் சரக்குத்தான். அன்று முதல் கல் பார்த்த வேலைகளைக் கணக்கெடுத்தால் இந்த மடல் முடியாது. சட்டம் கல்லில் நின்றது: பாபிலோன் அரசன் ஹம்முராபியின் சட்டத் தூண் இரண்டு மீட்டருக்கும் மேல் உயரமான கருங்கல். அதைப் போரில் கொள்ளையடித்துப் போனவர்கள் சில பத்திகளைச் செதுக்கி எடுத்துவிட்டார்கள். மிச்சத்தை இன்றும் பாரிஸில் படிக்கலாம். பொன்னின் தரத்தைச் சொல்ல உரைகல், தூரத்தைச் சொல்ல மைல்கல், நிலம் யாருடையது என்று சொல்ல எல்லைக்கல். பிரிட்டனில் ஆளின் எடையையே இன்றும் கல் கணக்கில் சொல்கிறார்கள். ஒரு கல் 14 பவுண்டு. மரமே இல்லாத ஆர்க்டிக் வெளியில் இனுயிட் மக்கள் வழிகாட்ட அடுக்கிய கற்குவியல் கனடாவின் நூனவுட் பகுதியின் கொடியிலேயே இருக்கிறது.

அச்சுத் தொழிலும் ஒரு காலத்தில் கல்லை நம்பியிருந்தது. 1796 வாக்கில் ஜெர்மனியில் செனஃபெல்டர் என்பவர் வழவழப்பான சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள மையால் எழுதி, நனைத்து, மை உருட்டி அச்செடுத்தார். நீர் பட்ட இடத்தில் மை ஒட்டாது, எழுதிய இடத்தில் ஒட்டும், அவ்வளவுதான் சூட்சுமம். அதற்கு ஏற்ற கல் சோல்ன்ஹோஃபன் சுரங்கங்களில் கிடைத்தது. அச்சுக் கல்லுக்காகப் பாளம் பாளமாகப் பிளந்துகொண்டிருந்தவர்களுக்கு 1861இல் இறகு முளைத்த ஒரு பழம்பிராணியின் எலும்புக்கூடு கிடைத்தது: ஆர்க்கியோப்டெரிக்ஸ். பறவைகளின் வரலாற்றைக் கல் வெட்டும் கூலியாட்கள் திறந்து வைத்தார்கள்.

எங்களுக்கு மிக நெருக்கமானது நடுகல்தான். தொல்காப்பியம் அதை ஆறு துறையாகச் சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து. தகுந்த கல்லைத் தேடிப் போய்க் காண்பதையே முதல் துறையாக வைத்தவர்களுக்குக் கல்லின் அருமை தெரிந்திருந்தது. 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழ் பிராமி எழுத்துள்ள நடுகற்கள் கிடைத்தன. ஆநிரைப் பூசலில் மாண்ட ஒருவனின் பெயரை இரண்டாயிரம் ஆண்டுகள் கழித்து நாம் வாசிக்கிறோம். அரசன் பெயர் தப்புவது பெரிதில்லை.

இப்போது விலை. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோ அளவையில் கிரானைட்டில் உள்ள குவார்ட்ஸ் 7; சலவைக்கல் 3. சாதாரண எஃகு கிரானைட்டிடம் தோற்றுவிடும். வைரத்துகள் பதித்த வில்லையால்தான் அறுக்கிறோம், அந்த வில்லையும் தேய்கிறது. அதைவிடப் பெரிய செலவு தூசுக்கு. கல்லை உலர்வாக அறுக்கும்போது கிளம்பும் சிலிக்கா தூசு நுரையீரலில் தழும்பை உண்டாக்கும். அந்தத் தழும்பு திரும்ப ஆறுவதில்லை. ஆகவே எல்லா அறுப்பையும் நீர் பாய்ச்சி அறுக்கும் முறைக்கு மாற்றியிருக்கிறோம், தூசு உறிஞ்சும் கருவி வைத்திருக்கிறோம். விலையேற்றத்தில் பெரும்பங்கு இதற்குத்தான் போகிறது. ‘செயற்கைக் குவார்ட்ஸ் பலகை விற்றால் என்ன?’ என்று கேட்பவர்களுக்கு: அதில் சிலிக்கா 90 சதவீதத்துக்கும் மேல் இருக்கலாம். அறுப்பவர்கள் இளம் வயதிலேயே நோயில் விழுந்ததைக் கண்டு ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அதைத் தடை செய்துவிட்டது. எங்கள் ஆட்களை அந்த மேசையில் உட்கார வைக்க எனக்கு மனமில்லை.

பெரியவரைச் சம்பளத் தகராறில் அனுப்பிவிட்டோம் என்றும் ஒரு பேச்சு உலவுகிறது. அப்படி எதுவும் நடக்கவில்லை. தோளும் கண்ணும் இடம் கொடுக்கவில்லை, தானாகவே விடைபெற்றார். அவர் உளியால் வெட்டிய எழுத்தின் பள்ளம் அடியில் கூர்மையாக முடியும். வெயில் சாயும்போது ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் நிழல் விழுந்து, வண்ணம் பூசாமலே எழுத்து தெரியும். இயந்திரம் மணலை வீசிக் குடையும் பள்ளம் தட்டையானது. அதற்கு வண்ணம் வேண்டும், அந்த வண்ணத்தை அவ்வப்போது புதுப்பிக்கவும் வேண்டும். இனி எழுத்து வேலை இயந்திரத்தில்தான். முன்பணம் கட்டிக் காத்திருப்பவர்களின் பலகைகளுக்கும் இதுவே.

அந்தச் செய்திக்குக் கீழே எங்களுக்காகப் பரிந்து பேசியவர்களை மறக்க மாட்டோம். தன் தாத்தாவின் நினைவுக்கல்லில் உடைந்த சில்லைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து, அதே நிறத்தில் கல் தேடச் சொன்ன அம்மா. பள்ளிக்கு அடிக்கல் வாங்கிய கையோடு இன்னொரு பள்ளிக்காரர்களையும் அனுப்பி வைத்த ஆசிரியர். நிறம் சற்று மாறிய தரைக்கற்களை ‘மலை ஒரே நிறத்திலா இருக்கும்?’ என்று சிரித்துக்கொண்டே ஏற்றிப் போனவர். உங்களைப் போன்றவர்களால்தான் பட்டறையில் உளிச் சத்தம் இத்தனை காலம் கேட்டது. உங்கள் ஒவ்வொருவருக்கும் மனமார்ந்த நன்றி.

ஒரு வேண்டுகோள். பொறிக்க வேண்டிய வாசகத்தைத் தாளில் தெளிவாக எழுதிக் கொண்டுவாருங்கள். மாதிரிப் படியைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகே வெட்டத் தொடங்குவோம். வாய்மொழியாகச் சொல்லும் இனிஷியல்களில்தான் எப்போதும் சண்டை வருகிறது.

அன்புடனும் நன்றியுடனும்,
உரிமையாளரும் பட்டறை ஊழியர்களும்