பணம் வருது, கவுன்சிலுக்குத்தான் போய்ச் சேர மாட்டேங்குது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நைஜீரியா பத்தி நம்ம பத்திரிகைகள்ல ஏதாவது வந்தா ஒண்ணு ஆள் கடத்தலா இருக்கும், இல்லன்னா பெட்ரோலா இருக்கும், அதுவும் இல்லன்னா ஆன்லைன் மோசடி. நான் இங்க ஓகுன் மாநிலத்துல ஒரு சின்ன டவுன்ல ஃபேக்டரி மெயின்டனன்ஸ் வேலையில இருக்கேன், குடும்பமும் இங்கதான் இருக்கு. லாகோஸ்ல இருந்து ரொம்ப தூரம் இல்ல, ஆனா லாகோஸ்ல கிடைக்கற எதுவும் இங்க கிடைக்காது. இந்த மாதிரி ஊர்ல சாதாரண ஜனங்க தினம் தினம் எதோட மல்லுக்கட்டறாங்க, அதுக்கு யார் காரணம்னு தமிழ்ல யாரும் எழுதி நான் படிச்சதில்ல. கொஞ்சம் நீளமாப் போகும், இடம் இருந்தா போடுங்க.

முதல்ல ரோடு. எங்க தெரு வழியாத்தான் மார்க்கெட்டுக்குப் போகணும். தார் ஓரத்துல மட்டும்தான் மிச்சம் இருக்கு, நடுவுல பூரா செம்மண். ஏப்ரல்ல ஆரம்பிக்கற மழை அக்டோபர் வரைக்கும் விடாது, அந்த ஏழு மாசமும் அது ரோடு இல்ல, சேத்துக்குழி. ரெண்டு பக்கமும் சிமெண்ட் கால்வாய் கட்டியிருக்காங்க, யாரோ எப்பவோ ஒழுங்காவே கட்டியிருக்காங்க, ஆனா உள்ள பாத்தீங்கன்னா பூரா பியூர் வாட்டர் கவர். அரை லிட்டர் தண்ணி பாக்கெட்டைத்தான் இங்க அப்படிச் சொல்வாங்க, பல்லால கடிச்சுக் குடிச்சிட்டு கவரை அங்கயே போட்டுட்டுப் போயிடறாங்க, அதோட மார்க்கெட் குப்பையும் மண்ணும் சேந்து கெட்டியாயிடுது. அப்புறம் தண்ணி எங்க போகும், ரோட்டு மேலதான் ஏறும், ஏறி அடியில இருக்கற ஜல்லியை அரிச்சிட்டுப் போயிடும். எங்க ரோடு கெட்டதுக்கு லாரி காரணம்னு ஆளாளுக்குச் சொல்றாங்க, லாரியும் ஒரு காரணம்தான், ஆனா முக்கால்வாசி இந்த அடைச்ச கால்வாய்தான்னு நான் அடிச்சுச் சொல்வேன்.

ஜனங்க சும்மா இருக்காங்கன்னு நினைச்சிடாதீங்க. மாசக் கடைசி சனிக்கிழமை காலையில தெருவே மண்வெட்டியோட இறங்கும். 1984ல மிலிட்டரி ஆட்சி நடந்தப்ப கொண்டுவந்த பழக்கம், லாகோஸ்ல கட்டாயத்தை எடுத்துட்டாங்க, ஆனா எங்க தெருவுல விடல. வயசானவங்க, ஸ்கூல் பசங்க எல்லாரும் சேந்து கால்வாய்ல இருந்து அந்தக் கறுப்பு சேத்தை வாரி ஓரமாக் குவிச்சு வெப்பாங்க. அதை அள்ளிட்டுப் போக உள்ளாட்சி கவுன்சில் வண்டி வரணும், வராது. ரெண்டு நாள் கழிச்சு ஒரு மழை பெஞ்சா குவிச்சு வெச்ச அத்தனையும் திரும்ப கால்வாய்க்குள்ளயே போயிடும், அடுத்த மாசம் அதே சேத்தை அதே ஜனங்க மறுபடி வாருவாங்க. அதைப் பாக்கும்போது எனக்கு வயிறு எரியும் சார்.

இங்க ஷேர் ஆட்டோவுக்கு கேகேன்னு பேரு, நம்ம ஓசூர் டிவிஎஸ் வண்டியும் பஜாஜ் வண்டியும்தான் நிறைய ஓடுது. ஓட்டற பசங்க காலையில ஸ்டாண்டுக்கு வந்ததுமே டிக்கெட் வாங்கணும், கவுன்சில் பேர்ல ஒண்ணு, யூனியன் பேர்ல ஒண்ணு, அடுத்த ஏரியாவுக்குப் போனா அங்க இன்னொண்ணு. கலர் கலரா முன் கண்ணாடியில ஒட்டி வெச்சிருப்பான். ஷாக் அப்சார்பர் போய், ஃப்ரண்ட் ஃபோர்க் போய், டயர் போய், அந்தச் செலவு வேற அவன் தலையில. தினமும் வாங்கற அந்தக் காசுல ஒரு கூடை ஜல்லி இந்த ரோட்டுல விழுந்ததான்னு அவன் கேக்கறது நியாயமான கேள்விதானே?

கரண்ட் கதை இதைவிட மோசம். நெப்பான்னு ஒரு அரசு நிறுவனம் இருந்துச்சு, 2005ல அதுக்குப் பேரை மாத்தினாங்க, 2013 நவம்பர்ல விநியோகத்தை 11 கம்பெனியாப் பிரிச்சு தனியார்ட்ட குடுத்தாங்க, ஆனா ஜனங்களுக்கு இன்னைக்கும் அது நெப்பாதான். கரண்ட் வந்தா தெருப் பசங்க பூரா 'அப் நெப்பா'ன்னு கத்துவாங்க. 20 கோடிக்கு மேல ஜனம் இருக்கற நாட்டுல கிரிட்ல ஓடறது சாதாரணமா 4000, 5000 மெகாவாட்தான், 2024ல அந்த கிரிட்டும் பல தடவை மொத்தமா விழுந்துச்சு. அந்த வருஷம் ஏப்ரல்ல ஏ பேண்ட்னு ஒண்ணு கொண்டுவந்தாங்க, தினம் 20 மணி நேரம் கரண்ட் தருவோம், அதுக்கு யூனிட் 225 நைரான்னு, அதுக்கு முன்னாடி 68 நைரா. எங்க ஊர் அந்த பேண்ட்ல இல்ல, எங்களுக்கு வரும்போது வரும். மீட்டர் இல்லாத வீட்டுக்கு குத்துமதிப்பா ஒரு பில் போட்டு அனுப்பிடுவாங்க, மாசம் பூரா இருட்டுல இருந்தாலும் பில் மட்டும் தவறாம வரும்.

எங்க தெரு ட்ரான்ஸ்ஃபார்மர் ஒரு மழை ராத்திரியில வெடிச்சிடுச்சு. மறுநாள் நானும் போய்ப் பாத்தேன். ஃபீடர் பில்லர்னு சொல்ற ஃபியூஸ் பெட்டியில ஃபியூஸ் இருக்கவேண்டிய இடத்துல அலுமினியக் கம்பியை முறுக்கிக் கட்டி வெச்சிருக்காங்க, லோடு ஏறினா கட் ஆகறதுக்கு எதுவுமே கிடையாது, ஆயில் ஒழுகி கீழ மண்ணெல்லாம் கறுத்துப் போயிருக்கு. அது வெடிக்காம இருந்திருந்தாத்தான் ஆச்சரியம். கரண்ட் கம்பெனிக்குப் போனா ஸ்டாக் இல்ல, வெயிட் பண்ணுங்கன்னு பதில். விதிப்படி ட்ரான்ஸ்ஃபார்மர் மாத்திக் குடுக்க வேண்டியது கம்பெனி பொறுப்பு, ஜனங்களே வாங்கற நிலைமை வந்தா முன்கூட்டியே அக்ரிமெண்ட் போட்டு அந்தக் காசைத் திருப்பித் தரணும், மின்சார ஒழுங்குமுறை கமிஷன் இதை எத்தனையோ தடவை சொல்லியிருக்கு. ஆனா இருட்டுல உக்காந்திருக்கறவன்ட்ட விதி புஸ்தகத்தை நீட்டினா என்ன பிரயோஜனம்? கடைசியில தெரு சங்கம்தான் வசூலுக்கு இறங்குச்சு. சங்கச் செயலாளர் ரிட்டயர்டு வாத்தியார், ஒரு நோட்டுல வீட்டு வீடா பேர் எழுதிட்டுப் போனார். காலையில அகராங்கற காராமணி வடை சுட்டு விக்கற ஒரு அம்மா, வீட்டுல ரெண்டே பல்புதான், அவங்களும் மூணு தவணையா குடுத்து முடிச்சாங்க. ட்ரான்ஸ்ஃபார்மர் வந்துச்சு, மாட்டினாங்க, மாட்டின அன்னைக்கே அது கம்பெனி சொத்தாயிடுச்சு, அக்ரிமெண்ட்னு ஒரு பேப்பர் கிடையாது, ஒரு நைரா திரும்ப வரல. அந்த அம்மாவுக்கு பில் மட்டும் குறையாம வருது.

தண்ணியைப் பத்தி நீட்ட வேண்டாம், குழாய்ல கவர்ன்மெண்ட் தண்ணி வந்து எங்க தெருவுல யாரும் பாத்ததில்ல. வசதி இருக்கறவங்க போர் போட்டிருக்காங்க, இல்லாதவங்க அவங்கட்ட கேன் கணக்குல வாங்கறாங்க. பக்கத்து வீட்டு செப்டிக் டேங்க்குக்கும் இந்த வீட்டு போருக்கும் எவ்ளோ தூரம்னு கேக்க ஆள் இல்லங்கறதுதான் எனக்கு பயம். போர் மோட்டார் ஓட ஜெனரேட்டர் வேணும், ஜெனரேட்டருக்கு பெட்ரோல் வேணும், 2023 மே 29 அன்னைக்கு ஜனாதிபதி டினுபு பதவியேத்த கையோட பெட்ரோல் மானியம் போச்சுன்னு அறிவிச்சதுல இருந்து அந்த விலை எங்கயோ போயிடுச்சு.

இப்ப நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வரேன். இதையெல்லாம் கேட்டா நம்மாளுங்க உடனே சொல்றது, ஏழை நாடு சார், காசு எங்க இருக்குன்னு. இல்லவே இல்ல. நைஜீரியாவுல 774 உள்ளாட்சி கவுன்சில் இருக்கு, அதோட எண்ணிக்கையே அரசியல் சட்டத்துல இருக்கு. ரோடு, தெருவிளக்கு, கால்வாய், குப்பை, மார்க்கெட், பஸ் ஸ்டாண்ட் எல்லாம் கவுன்சில் வேலைன்னு நாலாவது அட்டவணையில தெளிவா எழுதி வெச்சிருக்கு. அதுக்குக் காசும் ஒதுக்கியிருக்கு, எண்ணெய், வரின்னு வர்ற மத்திய வருமானத்துல மத்திய அரசுக்கு 52.68, மாநிலங்களுக்கு 26.72, கவுன்சில்களுக்கு 20.60 சதவீதம். மானியம் நின்னதுக்கப்புறம் மூணு பேருக்கும் சேத்து மாசாமாசம் பிரிக்கற தொகை 1 லட்சம் கோடி நைராவைத் தாண்டிடுச்சு. மானியம் நின்ன கஷ்டம் ஜனங்க தலையில, அதுல மிச்சமான காசு மேல பிரிஞ்சு போகுது.

சிக்கல் எங்கன்னா, 1999 அரசியல் சட்டம் 162வது பிரிவுப்படி கவுன்சிலுக்கான காசு நேரா கவுன்சிலுக்குப் போகாது, மாநிலம் வெச்சிருக்கற கூட்டுக் கணக்குக்குப் போகும். அங்க போனா கவர்னர் கையில. இங்க கவர்னர்னா நம்ம ஊர் கவர்னர் மாதிரி இல்ல, ஓட்டுல ஜெயிச்சு வர்றவர், நம்ம முதலமைச்சர் மாதிரி முழு அதிகாரம் உள்ளவர். அந்தக் கணக்குல என்னென்ன பிடிச்சாங்க, மிச்சம் எவ்ளோன்னு கவுன்சில் சேர்மனுக்கே தெரியாத ஊர்கள் இருக்கு. 2019ல நிதிப் புலனாய்வுப் பிரிவு ஒரு உத்தரவு போட்டு, கவுன்சில் காசு கவுன்சில் கணக்குக்கே போகணும், ஒரு நாளைக்கு 5 லட்சம் நைராவுக்கு மேல ரொக்கமா எடுக்கக் கூடாதுன்னு சொன்னப்ப கவர்னருங்க எல்லாரும் சேந்து எதிர்த்தாங்க. அப்புறம் மத்திய அரசே 36 மாநிலங்கள் மேலயும் கேஸ் போட்டு, 2024 ஜூலை 11ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு குடுத்துச்சு: கவுன்சில் காசை மாநிலம் வெச்சிருக்கக் கூடாது, தேர்தல்ல ஜெயிச்சு வராத நியமனக் கமிட்டிக்கு காசு போகக் கூடாதுன்னு. அன்னைக்கு எங்க தெரு சங்கத்துல ஒருத்தரை ஒருத்தர் கட்டிப் பிடிச்சிக்கிட்டாங்க. ஆனா தீர்ப்பு வந்ததுக்கப்புறமும் நேரா காசு போறது இழுத்துக்கிட்டே கிடந்துச்சு, எந்த பேங்க்ல கணக்கு, யார் கையெழுத்துன்னு ஒவ்வொரு காரணம்.

கவர்னருங்க பக்கமும் ஒரு நியாயம் இருக்கு, அதைச் சொல்லாம விட்டா தப்பு. பிரைமரி ஸ்கூல் வாத்தியார் சம்பளம் இந்தக் காசுல இருந்துதான் போகுது, சின்ன கவுன்சில்கிட்ட மொத்தமா குடுத்தா வாத்தியாருக்கு மாசக்கணக்குல சம்பளம் வராது, 90கள்ல அப்படி ஆச்சுங்கறாங்க. அது நிஜம்தான். அதுக்கு வாத்தியார் சம்பளத்தை மட்டும் முதல்லயே பிடிச்சிட்டு, பிடிச்ச கணக்கைக் காட்டிட்டு, மிச்சத்தைக் குடுத்துட்டுப் போகலாமே, மொத்தத்தையும் மூடி வெக்கறது எதுக்கு?

தேர்தல் விஷயமும் அப்படித்தான். தீர்ப்பு வந்ததும் அவசர அவசரமா பல மாநிலங்கள்ல கவுன்சில் தேர்தல் வெச்சாங்க. அதை நடத்தறது மாநிலமே நியமிக்கற தேர்தல் கமிஷன். 2024 அக்டோபர்ல கானோவுல 44க்கு 44 சேர்மனும் ஆளுங்கட்சி, நவம்பர்ல எங்க ஓகுன்ல 20க்கு 20 ஆளுங்கட்சி. அப்ப ரெண்டு மாநிலத்துலயும் வேற வேற கட்சி ஆட்சி நடந்துச்சு, முடிவு மட்டும் ஒரே மாதிரி. அப்படி வர்ற சேர்மன் தெரு ஜனங்களுக்கு பதில் சொல்லுவாரா, கவர்னருக்கு பதில் சொல்லுவாரா? காசு நேரா வந்தா மட்டும் பத்தாது, தேர்தலும் மாநிலத்தோட பிடியில இருந்து வெளிய வரணும்ங்கறது என்னோட அபிப்பிராயம்.

இப்போதைக்கு ஜனங்க கையில இருக்கற ஒரே ஆயுதம் கணக்கு கேக்கறது. 2011ல வந்த தகவல் உரிமைச் சட்டப்படி கேட்டா 7 நாள்ல பதில் சொல்லணும், அது மாநிலங்களுக்கும் பொருந்தும்னு 2025 ஏப்ரல்ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு. எங்க ரிட்டயர்டு வாத்தியார் கால்வாய்க்கும் குப்பை வண்டிக்கும் இந்த வருஷம் எவ்ளோ வந்துச்சு, எவ்ளோ செலவாச்சுன்னு கேட்டு ஒரு மனு எழுதி வெச்சிருக்கார், தெருவுல கையெழுத்து வாங்கிக்கிட்டு இருக்காங்க.

கடைசியா இங்க ஃபேக்டரிகள்ல மேனேஜரா, இன்ஜினியரா இருக்கற நம்ம தமிழ் ஆளுங்களுக்கு ஒரு வார்த்தை, அவங்க இந்தப் பத்திரிகையை நெட்ல படிக்கறாங்கன்னு எனக்குத் தெரியும். நம்ம காம்பவுண்டுக்குள்ள சொந்த ஜெனரேட்டர் இருக்கு, சொந்த போர் இருக்கு, கேட்ல செக்யூரிட்டி இருக்கு, வெளிய நடக்கறது நம்ம பிரச்சினை இல்லன்னு இருந்துட்டோம். அந்த ரோட்டுல ஓடற லாரி நம்ம லாரி, நம்மகிட்ட வேலை பாக்கறவங்க அந்தத் தெருவுல இருந்துதான் நடந்து வர்றாங்க. நாம வெளிநாட்டுக்காரங்க, அவங்க அரசியல்ல தலையிட முடியாது, தலையிடவும் கூடாது, மனுவுல கையெழுத்து போட வேண்டியது அவங்கதான். ஆனா கால்வாய் சேத்தை அள்ளிட்டுப் போக ஒரு லோடரும் ஒரு டிப்பரும் மாசத்துல அரை நாள் குடுக்கறதுக்கு எந்தச் சட்டமும் தடுக்கல. எங்க ஃபேக்டரியில கேட்டுப் பாத்தேன், அடுத்த கடைசி சனிக்கிழமைக்கு டிப்பர் தரேன்னு எம்.டி ஒத்துக்கிட்டார், லோடர் கிடைக்கல. பக்கத்து ஃபேக்டரில இருக்கற தமிழ் நண்பர்கள் யாராவது இதைப் படிச்சா லோடருக்கு உங்க எம்.டி கிட்ட கேளுங்க, அன்னைக்கு காலையில 7 மணிக்கு சேத்தை வார ஆரம்பிச்சிடுவாங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஓகுன் மாநிலம், நைஜீரியா