கோல்ஃப் மேஜர் கணிப்பு 2026: புதன் ராத்திரிக்குள்ள பேர் குடுங்க

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம், கீழக்கரை 98 செட் மக்களே.

மேஜர்னா கோல்ஃபோட நாலு பெரிய போட்டிங்க. நாலுலயும் யார் ஜெயிப்பாங்கன்னு சேர்த்து இப்பவே கணிப்பு. கடைசி நேரம் ஏப்ரல் 8, புதன் இரவு 9 மணி. துபாய்க்காரங்களுக்கு 7.30.

1. மாஸ்டர்ஸ், ஆகஸ்டா, ஏப்ரல் 9–12. புதுமுகத்தை நம்பாதீங்க. முதல் தடவையே ஆகஸ்டாவுல ஆடி ஜெயிச்ச கடைசி ஆள் ஃபஸி ஸோயலர், அது 1979.
2. பிஜிஏ, அரோனிமிங்க், மே 14–17.
3. யுஎஸ் ஓபன், ஷின்னகாக் ஹில்ஸ், ஜூன் 18–21. ஷெஃப்லர் இன்னும் ஜெயிக்காத மேஜர் இது ஒண்ணுதான். ஆனா போன வருஷம் ஸ்பான் ஜெயிச்சப்ப நம்மள்ல ஒருத்தர்கூட அவர் பேரை எழுதலை, ஞாபகம் இருக்கட்டும்.
4. ஓபன், ராயல் பர்க்டேல், ஜூலை 16–19. கடலோர மணல்மேட்டு மைதானம். கச்சான் காத்துல வளர்ந்தவங்களுக்கு நான் என்ன சொல்ல? பந்தைத் தாழ அடிக்கிறவனைப் பாருங்க.

ஒரு மேஜருக்கு ஒரே பேர். சரியா வந்தா 5 புள்ளி, முதல் பத்துக்குள்ள வந்தா 1.

மெசேஜை எடிட் பண்ணினா கணக்கு இல்லை. போன ஏப்ரல் மாஸ்டர்ஸ்ல மெக்கில்ராயும் ரோஸும் சமமா வந்து, பிளே-ஆஃப் (முடிவுக்கான கூடுதல் ஆட்டம்) ஆடி முடிச்ச பிறகு, விடியக்காலையில "நான் அப்பவே சொன்னேன்"னு ஒரு குரல் பதிவு வந்துச்சு. ஆள் யாருன்னு அவருக்கே தெரியும்.

காசு, பந்தயம் எதுவும் கிடையாது. ஜெயிக்கிறவருக்கு ஒரு கிலோ தொதல் இனிப்பு, கடைசி ஆள் செலவுல.

1, 2, 3, 4 போட்டு நாலு பேரையும் ஒரே மெசேஜா இங்கேயே அனுப்புங்க. தனியா எனக்கு அனுப்ப வேண்டாம். கலந்துக்காதவங்க "இல்லை"ன்னு ஒரு வார்த்தை போடுங்க.