விட்னி போனவங்க, போகப்போறவங்க எல்லாருக்கும்: இன்யோ மீட்புக் குழுவுக்கு நன்கொடை கேக்குறோம்

எல்லாருக்கும் வணக்கம். விட்னி மலை ஏறுறதுக்கான பெர்மிட் லாட்டரி ரிசல்ட் வந்துருச்சு, நம்ம குரூப்ல இந்த வருஷம் நிறைய பேருக்கு பெர்மிட் விழுந்திருக்கு, விழாதவங்க புலம்பலும் ரெண்டு நாளா ஓடிட்டு இருக்கு. சூட்டோட சூடா கமிட்டி சார்புல ஒண்ணு கேட்டுடலாம்னு இருக்கோம். பணம்தான், சுத்தி வளைக்கல.

இலக்கு 7,500 டாலர். அதுல 6,000 அப்படியே இன்யோ கவுண்டி (கலிஃபோர்னியால ஒரு மாவட்டம் மாதிரி) ஷெரிஃப் ஆபீஸுக்குக் கீழ வேலை செய்ற தன்னார்வ மீட்புக் குழுவுக்குப் போயிரும், இன்யோ கவுண்டி சர்ச் அண்ட் ரெஸ்க்யூன்னு பேரு. மிச்சம் 1,500 நம்ம குரூப்புக்குள்ளயே செலவு பண்ணப் போறோம், எதுக்குன்னு கீழ சொல்றேன்.

இன்யோன்னா என்னன்னு நம்மள்ல பாதி பேருக்குத் தெரியாது, அங்க போயிட்டு வந்தவங்களுக்கே தெரியாது. ஃப்ரீமான்ட்லயும் சன்னிவேல்லயும் இருக்கிற நமக்கு அது 395 ஹைவேல வரிசையா வர்ற நாலு ஊரு, பிஷப், பிக் பைன், இண்டிபெண்டன்ஸ், லோன் பைன், பெட்ரோல் போட்டுட்டு காபி குடிச்சுட்டு கிளம்புற இடம், அவ்ளோதான். ஆனா அந்த ஒரு கவுண்டியோட பரப்பளவு 10,000 சதுர மைலுக்கு மேல, தமிழ்நாட்டுல அஞ்சுல ஒரு பங்கு. ஜனத்தொகை 2020 சென்சஸ்ல 19,016. அலாஸ்கா, ஹவாயை விட்டுட்டா நாட்டுலயே உசரமான இடம் இந்த கவுண்டியோட ஓரத்துல, நம்ம விட்னி, 14,505 அடி. ரொம்பப் பள்ளமான இடமும் இதே கவுண்டிக்குள்ள, டெத் வேலில பேட்வாட்டர், கடல் மட்டத்துக்கு 282 அடி கீழ. 1913-ல 134 டிகிரி ஃபாரன்ஹீட் பதிவாச்சே, அதுவும் அங்கதான். ஒரு பக்கம் ஐஸ்ல வழுக்கி விழுவாங்க, இன்னொரு பக்கம் வெயில்ல சுருண்டு விழுவாங்க, ரெண்டுக்கும் போன் போறது ஒரே ஆபீஸுக்கு.

அந்த ஷெரிஃப் ஆபீஸ் வேலையை எடுத்துக்கிட்டீங்கன்னா, பிஷப் டவுனுக்குத் தனி போலீஸ் இருக்கு, ரோட்டுல ஸ்பீடிங் பிடிக்கிறது ஹைவே பேட்ரோல், நேஷனல் பார்க்குக்குள்ள ரேஞ்சர்ஸ் இருக்காங்க, மத்தபடி கிராமத்து ரோந்து, 911 கால் எடுக்கிறது, இண்டிபெண்டன்ஸ்ல இருக்கிற ஜெயில், கோர்ட் பாதுகாப்பு, சம்மன் கொண்டுபோய் கொடுக்கிறது எல்லாம் இவங்க தலையிலதான்.   லோன் பைன் பக்கத்துல அலபாமா ஹில்ஸ்ல நம்மள்ல எல்லாரும் போட்டோ எடுத்திருப்போம், பழைய கவ்பாய் படங்கள் நூத்துக்கணக்குல எடுத்த இடம், அதுல தொப்பியும் குதிரையுமா வர்ற ஷெரிஃபைப் பார்த்தே வளர்ந்துட்டதால நிஜ ஷெரிஃப் என்ன வேலை பாக்குறார்னு யோசிச்சதே இல்ல. தேர்தல்ல ஓட்டு வாங்கி வர்ற பதவி அது, அந்த ஓட்டு போடுறது நாம இல்ல.

கலிஃபோர்னியால மலைல, காட்டுல காணாமப் போனவங்களைத் தேடுற பொறுப்பு கவுண்டி ஷெரிஃபுக்கு. ஆனா இருக்கிற கொஞ்ச டெபுடிகளை (ஷெரிஃபுக்குக் கீழ வேலை பாக்குற போலீஸ்காரங்க) வெச்சு விட்னி மேல ஆள் அனுப்ப முடியுமா? அதனாலதான் இந்த தன்னார்வக் குழு. சம்பளம் கிடையாது. ஷூ, ஜாக்கெட், ஐஸ் ஆக்ஸ், இந்த மாதிரி சொந்த சாமானுக்கு அவங்கவங்க கைக்காசு நிறைய போகுது. கயிறு, ஸ்ட்ரெச்சர், ரேடியோ, ட்ரெய்னிங் மாதிரி பொதுச் செலவுக்கு நன்கொடையைத்தான் நம்பி இருக்காங்க. மீட்டவங்ககிட்ட பில் போடுறதும் இல்ல.

நீங்க மேல எஸ்ஓஎஸ் பட்டனை அழுத்தினா என்ன நடக்குதுன்னு ஒருதடவை சொல்லிடுறேன், ஏன்னா இதுல நம்ம ஆளுங்களுக்குப் பெரிய தப்பெண்ணம் இருக்கு. கார்மின் இன்ரீச்சோ (போன் சிக்னல் இல்லாத இடத்துலேர்ந்து சேட்டிலைட் வழியா மெசேஜ் அனுப்புற கருவி) ஐபோன் சேட்டிலைட்டோ, அந்த மெசேஜ் பெரும்பாலும் மொதல்ல அந்தக் கம்பெனிக்காக வேலை செய்ற ரெஸ்பான்ஸ் சென்டருக்குப் போகும், அவங்க நீங்க நிக்கிற இடத்தைப் பார்த்து அந்த கவுண்டி ஷெரிஃப் டிஸ்பேட்சுக்கு (அவசர கால் எடுத்து ஆள் அனுப்புற இடம்) சொல்வாங்க, அங்கேர்ந்து மீட்பு வேலையை கவனிக்கிற ஆபீசருக்கு, அவர்கிட்டேர்ந்து தன்னார்வலர்களோட போனுக்கு. யாரு வர முடியும்னு கேப்பாங்க. ஒருத்தர் வேலைல இருப்பார், ஒருத்தர் குழந்தையைக் கூப்பிடப் போயிருப்பார், வர முடிஞ்சவங்க கூடி, சாமான் எடுத்து, விட்னி போர்ட்டலுக்கு (நடை ஆரம்பிக்கிற இடம்) வண்டில ஏறி, அதுக்கப்புறம்தான் நடக்கவே ஆரம்பிப்பாங்க. ஹெலிகாப்டர் ஊபர் மாதிரி புக் பண்ணதும் வராதுங்க. ஃப்ரெஸ்னோலேர்ந்து ஹைவே பேட்ரோல் ஹெலிகாப்டர் உதவிக்கு வர்றதுண்டு, ஆனா அது ஃப்ரீயா இருக்கணும், காத்து அடங்கி இருக்கணும், 13,000 அடில காத்து மெலிசா இருக்கிறதால எடை தூக்குற சக்தியே குறைஞ்சிடும். வரலைன்னா ஆள்தான் நடந்து வரணும், ராத்திரியானாலும்.

போன செப்டம்பர் பேட்ச்ல இருந்தவங்களுக்கு இது ஞாபகம் இருக்கும். ட்ரெயில் கேம்ப்ல, 12,000 அடி, நம்மள்ல ஒருத்தருக்குத் தலைவலின்னு ஆரம்பிச்சு வாந்தி வந்துச்சு, அப்புறம் ஷூ லேஸ் கட்ட உக்காந்தவர் லேஸை கையில வெச்சுக்கிட்டு அதை என்ன பண்றதுன்னு தெரியாம பார்த்துட்டே இருந்தார். அதைப் பார்த்ததும் உச்சியாவது ஒண்ணாவதுன்னு ரெண்டு பக்கமும் பிடிச்சு இறக்கிட்டு வந்தோம், இறங்க இறங்கத் தெளிஞ்சுட்டார், உயரத்தால வர்ற அந்த சீக்குக்கு மொத மருந்தே கீழ இறங்குறதுதான். ராத்திரி பத்து மணி இருக்கும், எதிர்ல வரிசையா ஹெட்லாம்ப் வெளிச்சம் ஏறி வருது. மீட்புக் குழு. நமக்காக வரல, மேல யாருக்கோ கணுக்கால் உடைஞ்சிருச்சாம். அதுல ஒரு அம்மா, அம்பது வயசுக்கு மேல இருக்கும், முதுகுல பாதி ஸ்ட்ரெச்சர் (ரெண்டா பிரிச்சு ஆளுக்கு ஒரு பாதி தூக்கிட்டுப் போவாங்க). நின்னு நம்ம ஆளை நேர்கோட்டுல நாலடி நடக்கச் சொல்லிப் பார்த்துட்டு, பேரு, ஊரு கேட்டுட்டு, சரி நிக்காம இறங்குங்கன்னு சொல்லிட்டு ஏறிட்டே போயிட்டாங்க. பேச்சுவாக்குல தெரிஞ்சது, ஸ்கூல் டீச்சர், மறுநாள் காலைல கிளாஸ் இருக்கு.

இப்ப கேள்விக்கு வர்றேன், கமிட்டி மீட்டிங்லயே வந்ததுதான்.

"நாமதான் டாக்ஸ் கட்டுறோமே." கட்டுறோம், வீட்டு வரி நாம இருக்கிற சான்டா கிளாரா கவுண்டிக்கோ அலமேடா கவுண்டிக்கோ போகுது. இன்யோவுக்கு நாம தர்றது லோன் பைன்ல ரூம் போட்டா அதுல வர்ற ஹோட்டல் டாக்ஸும், சாப்பிட்டா அதுல வர்ற கொஞ்சூண்டு சேல்ஸ் டாக்ஸும். அங்க நிலமெல்லாம் பெரும்பாலும் ஃபெடரல் அரசோடதும் லாஸ் ஏஞ்சல்ஸ் தண்ணி டிபார்ட்மென்ட்டோடதும், தனியார் நிலம் 2 சதவீதம் கூட வராது. விட்னி ட்ரெயில்ல சீசன்ல ஒரு நாளைக்கு 160 பேருக்கு பெர்மிட், 100 டே ஹைக், 60 ஓவர்நைட், அதுல பெரும்பகுதி நம்மள மாதிரி வெளியூர் ஆளுங்க. மாட்டிக்கிறது நாம, தூக்க வர்றது அந்த 19,000 பேர்ல யாரோ. நான் இந்த வேண்டுகோளை எழுதுறதுக்கு முழுக் காரணமும் இந்த ஒரு கணக்குதான், மத்ததெல்லாம் அப்புறம்.

"போலீஸுக்கு எதுக்கு நாம காசு தரணும்." ரெண்டு மூணு பேர் இதைக் கேட்டாங்க, நியாயமான கேள்விதான், ஷெரிஃப் ஆபீஸ்னாலே சிலருக்கு வேற ஞாபகங்கள் வரும். இந்தப் பணம் ஷெரிஃப் பட்ஜெட்டுக்குப் போகல, துப்பாக்கிக்கோ ஜெயிலுக்கோ போகல, அந்தத் தன்னார்வக் குழு தனி 501(சி)(3), அதாவது லாப நோக்கமில்லாத அமைப்பு, அவங்க கணக்குக்கு நேரா போகுது. எதை வாங்கணும்னு நாம கண்டிஷன் போடல, ஸ்ட்ரெச்சர் வேணுமா பேட்டரி வேணுமான்னு அவங்களுக்குத்தான் தெரியும். பதிலுக்கு நமக்கு சலுகை எதுவும் கிடைக்காது, 395-ல டிக்கெட் விழுந்தா விழுந்ததுதான், அது டிபார்ட்மென்ட்டே வேற.

இன்னொண்ணு, விசாவை நெனச்சோ பில்லை நெனச்சோ கூப்பிடவே தயங்குறவங்க இருக்காங்க, முக்கியமா அப்பா அம்மாவை விசிட்டர் விசால கூட்டிட்டு டெத் வேலி போறவங்க. 2017-ல வந்த எஸ்பி 54 சட்டப்படி கலிஃபோர்னியால லோக்கல் போலீஸ், ஷெரிஃப் யாரும் இமிக்ரேஷன் ஸ்டேட்டஸ் விசாரிக்கக் கூடாது. மலைலேர்ந்து இறக்குறது இலவசம். ஆம்புலன்ஸும் ஆஸ்பத்திரியும் இலவசம் இல்ல, தனியார் ஏர் ஆம்புலன்ஸ்ல ஏத்தினா பில் பயங்கரமா வரும், அதுக்கு இன்ஷூரன்ஸ் எடுத்து வெச்சுக்கோங்க. ஆனா அந்த பயத்துல கூப்பிடுறதை இருட்டுற வரைக்கும் தள்ளிப் போடாதீங்க, மத்தியானம் மூணு மணிக்கு கூப்பிட்டா அவங்களுக்கும் வேலை சுலபம்.

அந்த 1,500 டாலர் விஷயம். ஆயிரத்துல ரெண்டு இன்ரீச் வாங்கி சீசன் முடியிற வரைக்கும் பிளான் போட்டு வெக்கப் போறோம், யாரு ட்ரிப் போனாலும் வாங்கிட்டுப் போகலாம், வாடகை கிடையாது, தொலைச்சா மட்டும் காசு. மீதி 500-ல தமிழ்ல ஒரு அட்டை அடிக்கப் போறோம். மலைக்குப் போறவங்களை விட வீட்ல இருக்கிறவங்களுக்குத்தான் அது. ஏன்னா சான் ஹோசேல இருந்து 911 அடிச்சா சான் ஹோசே டிஸ்பேட்ச்தான் எடுக்கும், எந்த கவுண்டி, எந்த ட்ரெயில்ஹெட், கார் நம்பர் என்ன, எத்தனை மணிக்குள்ள திரும்பலைன்னா கூப்பிடணும், இதெல்லாம் எழுதின காகிதம் ஃப்ரிட்ஜ்ல ஒட்டி இருந்தா பாதி தேடுதல் அங்கேயே முடிஞ்சுது. விட்னிலயே உச்சிக்கு மேற்குப் பக்கம் போயிட்டா அது செக்கோயா பார்க், டூலேரி கவுண்டி, வேற ஆபீஸ். அட்டையோட பின்பக்கம் உயர நோயோட அறிகுறிகள். கார் பார்க் பண்ற விட்னி போர்ட்டலே 8,300 அடிக்கு மேல, கிட்டத்தட்ட தொட்டபெட்டா உச்சி, அதுக்கு மேல இன்னும் 6,000 அடி ஏறப் போறோம்னு ஊர்ல இருக்கிற அப்பாவுக்குப் புரியிற மாதிரி எழுதிட்டு இருக்கோம்.

எப்படி தர்றதுன்னா, கம்பெனி மேட்ச் (நீங்க தர்ற அளவு கம்பெனியும் சேர்த்துத் தர்றது) இருக்கிறவங்க தயவுசெஞ்சு நம்மகிட்ட தராதீங்க, உங்க கம்பெனி டொனேஷன் போர்ட்டல்ல இன்யோ கவுண்டி சர்ச் அண்ட் ரெஸ்க்யூன்னு தேடி நேரா போடுங்க, உங்க 100 அவங்களுக்கு 200 ஆகும். போட்டுட்டு தொகையை மட்டும் பொருளாளருக்கு மெசேஜ் பண்ணுங்க, கணக்குல சேத்துக்கணும். மேட்ச் இல்லாதவங்க பேங்க்லேர்ந்து ஸெல்ல (Zelle) எங்களுக்கு அனுப்பலாம், விவரம் குரூப்ல பின் பண்ணி இருக்கு. நம்ம குரூப் பதிவு பண்ண அமைப்பு இல்ல, அதனால எங்ககிட்ட தர்ற காசுக்கு டாக்ஸ் ரசீது தர முடியாது, ரசீது வேணும்னா நேரா அவங்களுக்குப் போடுறதுதான் வழி. இன்ரீச்சுக்கும் அட்டைக்கும்னு தனியா தர்றவங்க நோட்ல "உள்செலவு"ன்னு போடுங்க, போடலைன்னா இன்யோவுக்குன்னு எடுத்துப்போம். 10 டாலர் தந்தாலும் சரிதான், எவ்வளவு தந்தீங்கன்னு பேர் போட்டு லிஸ்ட் வெளியிட மாட்டோம், மொத்தத் தொகையும் அனுப்பின ரசீதும் மட்டும் போடுவோம்.

ஒரு எச்சரிக்கை, ஷெரிஃப் அசோசியேஷன், போலீஸ் ஃபண்டுன்னு சொல்லி போன்ல காசு கேக்குறதுல ஏமாத்து வேலை நிறைய நடக்குது. நாங்க யாருக்கும் போன் பண்ண மாட்டோம். கிஃப்ட் கார்டு கேட்டா கட் பண்ணிடுங்க.

பணம் தர முடியாதவங்க அட்டைக்கு ப்ரூஃப் பாருங்க, டிசைன் தெரிஞ்சவங்க ஒருத்தர் வேணும், இன்ரீச்சை வீட்ல வெச்சு கொடுக்கல் வாங்கல் பாக்க ஈஸ்ட் பேல ஒருத்தர், சவுத் பேல ஒருத்தர் வேணும். பெர்மிட் சீசன் மே 1 ஆரம்பிக்குது, அதனால ஏப்ரல் 20-க்குள்ள வந்துட்டா சாமான் வாங்க, அட்டை அடிக்க டைம் சரியா இருக்கும். 7,500-க்கு மேல வந்தா மேல வர்றது மொத்தமும் இன்யோவுக்குத்தான், கம்மியா வந்தா மொதல்ல நம்ம உள்செலவைத்தான் வெட்டுவோம், அந்த 6,000-ல கை வைக்க மாட்டோம்.