போர் வரலாற்று வாசிப்பு வட்டம்: 2024–25 செயலாளர் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் ஐயா அவர்களுக்கும், பொருளாளருக்கும், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நம் வட்டம் செய்த வேலைகளை இங்கே வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியாகப் படிப்பார். ரூபாய் பேச்சை நான் எடுக்கப் போவதில்லை, சந்தா பாக்கி பற்றிக் கடைசியில் ஒரு வரி தவிர.

சென்ற பொதுக்குழுவில் ஒரு முடிவு எடுத்தோம். அதுவரை ஒரு மாதம் வாட்டர்லூ, அடுத்த மாதம் ஸ்டாலின்கிராட் என்று தாவிக்கொண்டிருந்தோம். கேட்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் வீட்டுக்குப் போனால் எதுவும் மனதில் நிற்காது. "காஞ்சிபுரத்தில் உட்கார்ந்துகொண்டு பெல்ஜியத்தைப் பற்றி எதற்குப் பேசுகிறீர்கள், பக்கத்தில் புள்ளலூர் இருக்கிறதே" என்று நம் மூத்த உறுப்பினர், ஓய்வு பெற்ற ஹவில்தார் ஐயா கேட்டார். அதுவே இந்த ஆண்டின் பாடத்திட்டம் ஆனது. ஒரே ஊரை எடுத்துக்கொண்டு, அங்கே நடந்த சண்டைகளின் வழியாகப் போர் எப்படி மாறியது என்று பார்ப்பது.

புள்ளலூருக்கு அந்தத் தகுதி உண்டு. ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் சண்டையிட்ட இடம் அது. 1780 செப்டம்பர் 10 அன்று மைசூரின் ஹைதர் அலியும் திப்புவும் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை ஒன்றை அடியோடு அழித்ததும் அங்கேதான். மறு ஆண்டு ஆகஸ்ட் 27 அன்று கம்பெனித் தளபதி அயர் கூட் அதே நிலத்தில் ஹைதரை மறுபடி எதிர்கொண்டார். ஆயிரத்து நூறு ஆண்டுக்கு மேல் இடைவெளி, ஆனால் நிலம் ஒன்றே. காரணம் எளிது. வடக்கிலிருந்து காஞ்சியைப் பிடிக்க வருகிறவனும் காஞ்சிக்கு உதவிக்கு வருகிறவனும் இந்தப் பக்கமாகத்தான் வந்தாக வேண்டும்.

முதல் கூட்டம் பல்லவர் பற்றியது. நந்திவர்மன் காலத்துக் காசாக்குடிச் செப்பேடு, மகேந்திரவர்மன் புள்ளலூரில் தன் முதன்மையான பகைவர்களை அழித்தான் என்கிறது. பகைவர் யார் என்று பெயர் இல்லை. 634-ஐ ஒட்டி வெட்டப்பட்ட ஐஹோளே கல்வெட்டோ, சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியின் படை கிளப்பிய தூசியில் பல்லவன் ஒளி மங்கிக் காஞ்சி மதிலுக்குப் பின்னால் மறைந்தான் என்கிறது. ஆக இரண்டு தரப்புக்கும் வெற்றி! செப்பேட்டில் வரும் பகைவன் புலிகேசிதானா, வேறு யாராவதா என்று கூட்டத்தில் நீண்ட வாக்குவாதம். என் கருத்து, இரண்டு கல்வெட்டுகளும் பெரிய பொய் எதையும் சொல்லவில்லை. புலிகேசி காஞ்சி வரை வந்திருக்கலாம், கோட்டையைப் பிடிக்க முடியாமல் திரும்பும்போது புள்ளலூரில் அடி வாங்கியிருக்கலாம். ஆனால் செப்பேடு எழுதப்பட்டது சண்டைக்கு நூறு ஆண்டுக்கு மேல் கழித்து என்பதை மறக்கக் கூடாது என்று கல்வெட்டுப் படிக்கும் நம் அக்கா சொன்னதைப் பதிவு செய்கிறேன்.

அவரே அடுத்த மாதம் செங்கம் நடுகற்களைப் பற்றிப் பேசினார். பல்லவர் காலத்து அந்தக் கற்களில் பெரும்பாலானவை தொறுப் பூசலில் இறந்தவர்களுக்கு எடுத்தவை. மாட்டுமந்தையைக் கவர வந்தவனும் அதை மீட்கப் போனவனும் சாகிறார்கள், ஊரார் கல் நடுகிறார்கள். "அரசர்கள் மோதினால் செப்பேடு, ஊர்க்காரன் மோதினால் கல்" என்று அவர் சொன்னபோது சிரித்தோம். போரும் மாடும் இவ்வளவு நெருக்கம் என்பது அன்று ஒரு பழங்காலத்துச் செய்தியாகத்தான் பட்டது. ஆண்டு முடிவதற்குள் அந்த எண்ணம் போய்விட்டது.

அடுத்து 1746-க்குத் தாவினோம். அந்த ஆண்டு சென்னைக் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர் பிடித்தனர். அதை மீட்க ஆற்காட்டு நவாப் அன்வருத்தீன் தன் மகன் மஃபூஸ் கானை அனுப்பினார். அடையாற்றங்கரையில், சாந்தோம் பக்கம், அக்டோபர் மாதத்தில் மோதல். நவாப் தரப்பில் பத்தாயிரம் பேர் வரை என்பார்கள். பிரெஞ்சுத் தரப்பில் பரடிஸ் என்ற சுவிஸ் அதிகாரியின் கீழ் இருந்தவர்கள் ஆயிரம் பேர் அளவில், அதிலும் பெரும்பகுதி உள்ளூர்ச் சிப்பாய்கள். பரடிஸின் ஆட்கள் ஆற்றில் இறங்கிக் கடந்து, வரிசையாக நின்று சுட்டு, துப்பாக்கி முனையில் செருகிய கத்தியோடு (பயோனெட்) பாய்ந்தார்கள். நவாபின் படை கலைந்து ஓடியது. தமிழகத்தில் போர் முறை மாறிய நாள் எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

ஆயுதம் மட்டும் காரணம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நவாபிடம் துப்பாக்கியும் இருந்தது, பீரங்கியும் இருந்தது. ஆனால் அவருடைய பீரங்கிகள் கனமானவை, மெதுவானவை. கால் மணிக்கு ஒரு குண்டு சுட்டாலே நல்ல வேகம் என்று அவர்கள் நினைத்ததாக ஆங்கிலேயர் எழுதி வைத்திருக்கிறார்கள். எதிரே இருந்த சக்கிமுக்கித் துப்பாக்கி பழைய திரித் துப்பாக்கியை விட வேகமானது. பழகிய கை நிமிடத்துக்கு மூன்று முறை சுடும். நூறு கஜத்துக்கு அப்பால் குறி பெரிதாகத் தேறாது, அதனால்தான் வரிசையாக நின்று ஒரே நேரத்தில் சுட வேண்டும். அப்படி நிற்கப் பழக்குவது கவாத்து. குண்டு வரும்போது ஓடாமல் நின்று துப்பாக்கியில் வெடிமருந்து கெட்டிக்க ஒரு மனிதனைப் பழக்க மாதங்கள் பிடிக்கும், அத்தனை மாதமும் சம்பளம் தர வேண்டும். ஹவில்தார் ஐயா ஒரு கைத்தடியை வைத்துக்கொண்டு கெட்டிக்கும் படிகளை ஒவ்வொன்றாகச் செய்து காட்டினார். கல்லூரி மாணவர்கள் முயன்று பார்த்தார்கள். வரிசை கோணல்மாணலாகப் போனது, அன்றைய கூட்டத்தில் உருப்படியான பாடம் அதுதான்.

இதையொட்டி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பிலிருந்து சில பகுதிகளை வாசித்தோம். புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்கு துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்தவர் தமிழிலேயே எழுதியது. போரைப் பணம், சரக்கு, வதந்தி வழியாகப் பார்க்கும் கண் அவருடையது. தளபதிகளின் அறிக்கையில் கிடைக்காதது அதில் கிடைக்கும்.

ஆற்காடு முற்றுகைக்கு ஒரு கூட்டம் ஒதுக்கினோம். 1751-இல் கம்பெனியின் கிளைவ் ஐம்பது நாள் தாக்குப்பிடித்த கதை எல்லோருக்கும் தெரியும் என்பதால் விரிக்கவில்லை. முற்றுகையிட்டவர்கள் நெற்றியில் இரும்புத் தகடு கட்டி, கதவை முட்ட விட்ட யானைகள் துப்பாக்கிச் சூட்டில் மிரண்டு திரும்பிச் சொந்த ஆட்களையே மிதித்த இடம்தான் நம் பாடத்துக்கு வேண்டியது.

இனி புள்ளலூர்ப் பயணம். வேன் ஏற்பாடு செய்த உறுப்பினருக்கு நன்றி. வயலுக்கு நடுவில் இருக்கும் பழைய நினைவுத் தூண்களைப் பார்த்தோம். 1780 தோல்வியின் நினைவு என்று பலர் நினைத்திருந்தோம். அவை 1781 சண்டையில் இறந்த இரண்டு கம்பெனி அதிகாரிகளுக்கானவை. 1780-இல் செத்த ஆயிரக்கணக்கான சிப்பாய்களுக்கு அங்கே ஒரு கல்லும் கிடையாது. செங்கத்து மாட்டுக்காரனுக்குக் கிடைத்தது இவர்களுக்குக் கிடைக்கவில்லை.

களத்தில் நின்றபடி நடந்ததை நாள் வாரியாகப் பேசினோம். 1780 ஜூலையில் ஹைதர் பெரும்படையோடு கணவாய் இறங்குகிறார். கம்பெனியின் கர்னல் பெய்லி வடக்கே கும்மிடிப்பூண்டிப் பக்கமிருந்து வந்து, இன்னொரு கம்பெனித் தளபதி ஹெக்டர் மன்றோவின் படையோடு சேர வேண்டும். ஆகஸ்ட் 25 அன்று கொசஸ்தலை ஆற்றை அடைகிறார். இறங்கிக் கடக்கும் அளவுதான் தண்ணீர். காலையில் கடக்கலாம் என்று வடகரையிலேயே தங்குகிறார். இரவில் வெள்ளம் வந்துவிடுகிறது. செப்டம்பர் 3 வரை அவரால் கடக்க முடியவில்லை. அதற்குள் திப்பு வந்துவிட்டார். மன்றோ காஞ்சிபுரத்தில், ஐயாயிரம் பேருக்கு மேல் வைத்துக்கொண்டு, அரைநாள் நடைத் தூரத்தில் இருக்கிறார். உதவிக்கு ஆயிரம் பேர் அளவில் ஒரு பிரிவை அனுப்பியதோடு சரி, முழுப் படையோடு உடனே கிளம்பவில்லை. பத்தாம் தேதி காலை, ஏறத்தாழ 3,800 பேர் கொண்ட பெய்லியின் படை சூழப்பட்டது. வெடிமருந்து வண்டிகள் வெடித்தன. அதோடு கதை முடிந்தது. பெய்லி சிறைப்பட்டு 1782-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இறந்தார்.

மருந்து வண்டியை வெடிக்க வைத்தது எது? இதுதான் இந்த ஆண்டின் பெரிய சண்டை, நம் வட்டத்துக்குள். மைசூர் ராக்கெட் என்பது இளைஞர் அணி. பீரங்கிக் குண்டாகவும் இருக்கலாம் என்பது மற்றவர்கள். ராக்கெட்டின் பெருமையை யாரும் மறுக்கவில்லை. இரும்புக் குழாயில் மருந்தை அடைத்ததால் உள்ளழுத்தம் கூடியது, ஒரு கிலோமீட்டருக்கு மேலும் போனது. 1799-க்குப் பிறகு கைப்பற்றப்பட்ட ராக்கெட்டுகளைப் பார்த்துத்தான் காங்கிரீவ் இங்கிலாந்தில் தன் ராக்கெட்டைச் செய்தார். 2018-இல் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில் ஒரு பாழுங்கிணற்றிலிருந்து ஆயிரம் அளவில் எடுத்தார்கள். எல்லாம் சரி. ஆனால் ராக்கெட்டிலேயே நின்றுவிட்டால் புள்ளலூர் புரியாது என்பது என் கட்சி.

மன்றோ ஏன் உடனே கிளம்பவில்லை? கோழைத்தனம் என்று அந்தக் காலத்திலேயே திட்டினார்கள். அவர் சொன்ன காரணம் அரிசி. காஞ்சிபுரத்தில் சேர்த்து வைத்திருந்த கொஞ்சம் தானியத்தையும் கனமான பீரங்கிகளையும் விட்டுவிட்டுப் போனால் ஹைதர் எடுத்துக்கொள்வார் என்று பயந்தார். கடைசியில் என்ன ஆயிற்று? பெய்லி அழிந்த மறுநாள், பெரிய பீரங்கிகளை நம் ஊர்க் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டுக்கு ஓடினார். எந்தக் குளம் என்று ஆளுக்கொரு குளத்தைச் சொல்கிறார்கள். அதில் இறங்கிப் பார்க்கலாமா என்று கேட்ட மாணவரிடம் குழு சார்பில் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அதற்குப் பின் நான்கு மாதம் அரிசியும் மாடும்தான் பேசினோம். ஹைதர் சென்னையைச் சுற்றிய நாட்டை எரித்து வெறுமையாக்கினார். 1781-இல் கூட் பரங்கிப்பேட்டையிலும் புள்ளலூரிலும் சோளிங்கரிலும் சண்டை போட்டார், ஆனால் எதையும் தொடர்ந்து போய்ப் பயன்படுத்திக்கொள்ள முடியவில்லை. தூக்க மாடு இல்லை, தின்ன அரிசி இல்லை, கப்பலில் வரும் மூட்டையை நம்பிக் கரையோரமே கிடக்க வேண்டியிருந்தது. பத்து ஆண்டு கழித்து, 1791 மே மாதத்தில், கம்பெனியின் கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் ஸ்ரீரங்கப்பட்டணத்தின் வாசல் வரை போய், களத்தில் வென்றும், மாடுகள் செத்து விழுந்ததால் முற்றுகைப் பீரங்கிகளைத் தானே உடைத்துவிட்டுத் திரும்பினார். மறு ஆண்டு ஜெயித்தபோது அவரோடு பஞ்சாரா வணிகர்களின் பொதிமாடுகள் தானியத்தோடு போயின. நம் பக்கம் லம்பாடி என்கிறோமே, அவர்கள்தான். மைசூர்க்காரர்களுக்கு இந்தக் கவலை குறைவு. அமிர்த மஹால் மாடுகளை அரசே வளர்த்து வைத்திருந்தது. அந்த மாட்டின் வேகத்தில்தான் ஹைதரும் திப்புவும் எதிரி எதிர்பாராத இடத்தில் பீரங்கியோடு போய் நின்றார்கள். தொறுப் பூசல் வேறு வடிவத்தில் தொடர்ந்தது என்று அக்கா சொன்னதற்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை.

இதன் இன்னொரு பக்கத்தையும் ஒரு கூட்டத்தில் எடுத்தோம். எரிந்த வயலுக்கு அடுத்தது பஞ்சம். பட்டினியால் சென்னைக்கு வந்து விழுந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்ற 1782-இல் தொடங்கியதுதான் மணியக்காரர் சத்திரம். இன்றைக்கும் ஸ்டான்லி மருத்துவமனையைக் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்று பழைய ஆட்கள் சொல்வது அந்த வழியில் வந்தது. போர் வரலாறு என்றால் வாளும் குதிரையும் என்று வந்த இரண்டு பேர் அந்தக் கூட்டத்துக்குப் பிறகு வரவில்லை. அவர்கள் விருப்பம்.

கல்லூரி மாணவர்கள் இருவர் பாஞ்சாலங்குறிச்சி மண்கோட்டை பற்றிக் கட்டுரை படித்தார்கள். கல் மதில் குண்டு பட்டால் சிதறும், மண் சுவர் குண்டை வாங்கிக்கொள்ளும். 1801 மார்ச் இறுதியில் கம்பெனி செய்த தாக்குதல் தோற்று, மே மாதம்தான் கோட்டை விழுந்தது. கட்டுரை நன்றாக இருந்தது, வளரி என்ற எறியாயுதம் பற்றிய பகுதியை மட்டும் சுருக்கியிருக்கலாம்.

நிர்வாகச் செய்திகள். கூட்டம் நடத்திய பள்ளி வகுப்பறை ஆண்டின் நடுவில் கிடைக்காமல் போனது. "போர்" என்ற சொல் பெயர்ப்பலகையில் இருப்பது பெற்றோருக்கு உறுத்துகிறதாம். அப்புறம் ஒரு உறுப்பினர் வீட்டு மாடியில் கூடுகிறோம், அந்த அம்மா போடும் காப்பிக்காகவே வருகை கூடியிருக்கிறது. நூலகத்துக்கு வரைபடங்கள் சேர்ந்துள்ளன. எடுத்துப் போகிறவர்கள் மடிப்பு கிழியாமல் திருப்பித் தரவும். ஸ்ரீரங்கப்பட்டணம் தரியா தௌலத் பாக் சுவரில் திப்பு தீட்டச் செய்த புள்ளலூர் ஓவியத்தைப் பார்க்கப் போவதாக இருந்தது, மழையால் தள்ளிப்போயிற்று. பல்லக்கில் உட்கார்ந்த பெய்லியும் வெடிக்கும் மருந்து வண்டியும் அதில் இருக்கின்றன. பலமுறை புதுப்பித்த ஓவியம் என்பதால் அதைச் சாட்சியாக எடுத்துக்கொள்வதில் கவனம் வேண்டும், பார்க்க வேண்டியது என்பதில் சந்தேகமில்லை.

வரும் ஆண்டுக்கு இரண்டு யோசனைகள் வந்துள்ளன. ஒன்று, 1806 ஜூலை 10 வேலூர்ப் புரட்சி: கவாத்துப் பழகிய அதே சிப்பாய், புதிய தலைப்பாகையையும் நெற்றிக் குறி அழிப்பையும் எதிர்த்துத் துப்பாக்கியைத் திருப்பியது எப்படி என்பது. மற்றது, 1914 செப்டம்பர் 22 அன்று ஜெர்மனியின் எம்டன் போர்க்கப்பல் சென்னை எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது. நான் வேலூருக்கு ஓட்டுப் போடுவேன். இந்த ஆண்டு படித்ததன் தொடர்ச்சி அங்கேதான் இருக்கிறது, வேன் செலவும் கட்டுப்படியாகும். பொதுக்குழு முடிவு செய்யட்டும்.

சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் இன்று கூட்டம் முடிந்ததும் பொருளாளரைப் பார்த்துவிட்டுப் போகவும். சம்பளம் நின்ற படை என்ன ஆகும் என்று ஆண்டு முழுக்கப் படித்திருக்கிறோம்.

அறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்