தாண்டிக்குடியிலிருந்து அப்பா

அன்புள்ள முருகேசா,

இங்கே நலம். தேவியும் பாப்பாவும் எப்படி இருக்கிறார்கள்? மிளகு பறித்து முடிந்தது. காயப்போட்டால் மத்தியானமே மஞ்சு இறங்கிவிடுகிறது. இரண்டு தடவை அள்ளி உள்ளே போட்டாயிற்று.

தேவிக்கு மார்புப் புற்றுநோய்க்கான நாலாவது கீமோ ஊசி 12ஆம் தேதி என்றாய். காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருந்தேன். தேதி போய்விட்டது. அலைச்சலில் சொல்ல மறந்திருப்பாய். நான் கூப்பிட்டால் மீட்டிங் என்கிறாய். சரி, வேலை இருக்கும்.

போன ஞாயிறு பாப்பாதான் போனை எடுத்தாள். "அம்மா நாக்குக்கு அடியில தேள் சொட்டு விடுறாங்க தாத்தா" என்று புட்டியைத் தூக்கிக் காட்டினாள். நீலத்தேள் படமும், 30 சி.ஹெச். என்ற எழுத்தும் தெரிந்தன. அதற்குள் நீ போனை வாங்கிவிட்டாய்.

தேள் விஷம் என்றாலே பொய் என்று நான் சொல்லவில்லை. பாலைவனத்து மஞ்சள் தேளின் விஷத்திலிருந்து குளோரோடாக்சின் என்ற சின்னப் புரதத்தை 1993இல் பிரித்தார்கள். 36 அமினோ அமிலம்தான். மூளைக் கட்டியின் செல்களைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும். அமெரிக்காவில் ஜிம் ஓல்சன் என்ற டாக்டர் அதனோடு ஒளிரும் சாயத்தைச் சேர்த்தார். கத்தி வைக்கும்போது கட்டி எது, நல்ல சதை எது என்று பிரித்துக் காட்டத்தான் அது. கட்டியை அடையாளம் காண அதே புரதத்தை நோய் எதிர்ப்பு செல்களில் பொருத்தியும் பார்க்கிறார்கள். எல்லாம் பெரிய ஆஸ்பத்திரியில், சோதனையாக நடப்பவை. பெரும்பாலும் மூளைக் கட்டிக்கு. மார்புக்கு வீட்டில் விட்டுக்கொள்ளும் சொட்டு இல்லை.

கியூபாவின் நீலத்தேள் சொட்டு வேறு. 30 சி.ஹெச். என்றால் என்ன? ஹோமியோபதியில் எவ்வளவு கரைத்தார்கள் என்ற கணக்கு. ஒரு சொட்டு விஷத்தை 99 சொட்டுத் தண்ணீரில் கலக்கி, அதில் ஒன்றை எடுத்து மறுபடி 99இல் கலக்கி, இப்படி 30 தடவை. ஒரு பங்கு விஷத்துக்கு, ஒன்றுக்குப் பின்னால் 60 சைபர் போட்ட பங்கு தண்ணீர். 12 தடவையிலேயே அவகாட்ரோ எண் தாண்டிவிடும்; அதற்கு மேல் விஷத்தின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்ச வாய்ப்பில்லை. இந்த வீட்டுத் திண்ணையில்தான் அந்தக் கணக்கை உனக்குச் சொல்லிக்கொடுத்தேன். நான் பாதி போடுமுன் விடை சொன்னவன் நீ. அக்கம்பக்கமெல்லாம் சொல்லித் திரிந்தேன். அந்தப் பிள்ளைக்கு இது எப்படித் தெரியாமல் போனது? அந்தப் புட்டியில் தேளே இல்லையப்பா.

நேற்று காப்பிச்செடி ஓரம் ஒரு கல்லைப் புரட்டினேன். அடியில் நட்டுவாக்காலித் தேள். முதுகு நிறைய வெள்ளைவெள்ளையாய்க் குஞ்சுகள். கொடுக்கைத் தூக்கியதே தவிர இடத்தை விட்டு நகரவில்லை. கல்லை மெதுவாகத் திரும்ப வைத்துவிட்டேன்.

ஊசியைத் தள்ளிப்போடாதே. முடி கொட்டினால் திரும்ப முளைக்கும். வாந்தி வந்தால் டாக்டரிடம் சொன்னால் அதற்கும் மாத்திரை உண்டு. ஊசியை மட்டும் தள்ளிப்போடாதே.

உன்னிடம் ஒன்றை மறைத்திருக்கிறேன். உன் அம்மாதான் ஆஸ்பத்திரி வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்தாள் என்று சொல்லி வந்தேன். பொய். அவள் கட்டி தெரிந்த வாரமே மதுரைக்குப் போகலாம் என்றாள். நான்தான் சித்தப்பா சொன்ன ஆளிடம் கூட்டிப்போனேன். நாலு மாதம் பச்சிலை அரைத்துக் கட்டினேன். 31 வருஷம் அறிவியல் நடத்தியவன். மதுரை டாக்டர் என்ன சொல்வாரோ என்ற பயம், வேறொன்றும் இல்லை. கட்டைப் பிரிக்கும்போதெல்லாம் அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு வார்த்தை என்னைக் குறை சொன்னதில்லை. நீ ஹாஸ்டலில் இருந்தாய். உனக்கு எழுதக்கூடாது என்று சொன்னதும் நான்தான்.

உனக்கும் அந்தப் பயம்தான் என்று நினைக்கிறேன். திட்டுவதற்காக எழுதவில்லை.

செவ்வாய்க்கிழமை முதல் பஸ்ஸில் இறங்கி, வத்தலக்குண்டில் மாறி, ராத்திரிக்குள் வந்துவிடுவேன். மிளகைப் பக்கத்து வீட்டில் பார்த்துக்கொள்கிறேன் என்றார்கள். புதன்கிழமை தேவியோடு நானும் ஆஸ்பத்திரிக்கு வருகிறேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். பாப்பாவைத் திட்டாதே.

அப்பா